மாதிரிக்கு ஒரு பிடி கீரை

கனடாவின் ஸ்காபரோவில் உள்ள ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் தமிழ் மூத்தோர் ஒன்றியம், அன்றன்று பறித்த உள்ளூர் மரக்கறியையே இனி உண்பது என்று சென்ற சித்திரையில் ஏகமனதாகத் தீர்மானித்தது. அதுவரை எதை உண்டார்கள் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எதிரே இருக்கும் தமிழ்க் கடையில் வெயில் நாடுகளிலிருந்து வந்த கத்தரிக்காயும் விமானத்தில் வந்த முருங்கைக்காயும் வாங்கி, நன்றாகவே உண்டார்கள் என்பது தெரியவந்திருக்கும்.

இந்த ஆசையை மூட்டியவள் ஒன்றிய உறுப்பினர் எமில்டாவின் மகள் ஸ்டெபனி. நகரத்தின் நடுப்பகுதியில் வேலை செய்கிறவள். அங்கே படித்த மனிதர்கள் எல்லோரும் இப்போது பண்ணைப் பங்கு எடுக்கிறார்களாம். கோடை தொடங்குமுன் ஒரு பண்ணையைத் தெரிவு செய்து அதில் பங்காளராகிவிட வேண்டும். பிறகு வாராவாரம் ஒரு பெட்டி வரும். நிலம் எதைக் கொடுத்ததோ அது பெட்டியில் இருக்கும். இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்ல முடியாது.

"கலியாணம் மாதிரி," என்றார் எமில்டா.

"அம்மா, ப்ளீஸ்," என்றாள் ஸ்டெபனி.

ஒரு பண்ணையைத் தெரிவு செய்வதென்றால் அதற்கொரு தெரிவுக் குழு வேண்டும். ஸ்ரீஸ்கந்தராசா தலைவரானார். யாழ்ப்பாணத்து அரச செயலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்தவர். கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகியும் கச்சேரியை விட்டு வெளியே வராதவர். முன்னாள் தபாலதிபர் பொன்னம்பலம் செயலாளர். எமில்டா மதநல்லிணக்கத்துக்காகச் சேர்க்கப்பட்டார். பதினோராம் மாடிக் குணவதி பெண் பிரதிநிதி. எமில்டாவும் பெண்தானே என்று ஒருவர் கேட்டதற்கு, அவர் ஏற்கெனவே வேறொன்றைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறார் என்று தலைவர் விளக்கமளித்தார். பெண் பிரதிநிதியின் கடமை தேநீரும் வடையும் என்பது சொல்லாமலே விளங்கியது.

குணவதி மறுக்கவில்லை. அவருக்கு இதில் ஒரு சுயநலம் இருந்தது. முன்பு குடும்பமாக இருந்த வீட்டின் பின்னால் பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் கீரை போடுவார். விடிய அறுத்த கீரை, தான் செத்துப்போனதை அறியுமுன்னே சட்டிக்குள் இருக்கும். கணவர் போய், மகன் அஜக்ஸ் நகரத்துக்குப் போய், வீடும் போனபின் பதினோராம் மாடி. பல்கனியில் தொட்டி வைப்பது கட்டடத்தின் தோற்றத்துக்கு ஊறு விளைவிக்கும் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. கடைக் கீரையைக் கையில் எடுத்தால், தன்னைவிடத் தூரம் பயணம் செய்து தன்னைவிடக் களைத்துப்போன ஒருவரைத் தொடுவதுபோல இருக்கும். காலையில் உயிரோடு இருந்த ஒரு பிடி கீரையை மத்தியானம் சமைத்துச் சாப்பிட வேண்டும். இந்த வயதில் ஆசைகள் எல்லாம் சுருங்கி, கடைசியில் அந்த அளவுக்கு வந்து நின்றிருந்தன.

இரண்டு பண்ணைக்காரர் விண்ணப்பித்தார்கள். இருவரும் ஒரே நாளில் நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டார்கள். முதலில் வந்தவர் கோர்டன். சிவந்த முகமும் பெரிய கைகளுமாக ஒரு வெள்ளைக்காரர். ஸ்டெபனி மொழிபெயர்த்தாள்.

தலைவர் கேட்ட முதற்கேள்வி, தமிழர் எவரும் எவரிடமும் கேட்கும் முதற்கேள்விதான்.

"எவடம்?"

"அக்ஸ்பிரிட்ஜ் பக்கமாம்," என்றாள் ஸ்டெபனி.

"அது இப்ப. அதுக்கு முந்தி?"

"அங்கிள், அவர் இஞ்சதான் பிறந்தவர்."

"தாய் தேப்பன்?"

"அவையும் இஞ்சதான்."

"அவையின்ர தாய் தேப்பன்?" என்று பொன்னம்பலம் பேனாவை உயர்த்தினார். தபாலதிபருக்கு முகவரி முழுமையாக இருக்க வேண்டும்.

கோர்டன் தலையைச் சொறிந்து யோசித்தார். பாட்டனின் தகப்பன் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர் என்றார்.

அகதிக் கப்பலில் வந்து தடுப்பு முகாமில் கிடந்த சொந்தங்கள் பலருக்கு இருந்ததால், அறையில் ஒரு கனிவு பரவியது. "கப்பலிலயோ?" என்றார் தலைவர். "பாவம். வந்திறங்கினவுடன எவ்வளவு காலம் தடுத்து வைச்சவையாம்?"

ஸ்டெபனி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தடுத்து வைக்கேல்லையாம் அங்கிள். காணி குடுத்தவையாம்."

பொன்னம்பலம் 'காணி குடுத்தவை' என்று எழுதி, அடியில் கோடிட்டார்.

"அப்ப இவர் உள்ளூர்தான்," என்றார் தலைவர். "சந்தேகத்துக்கு இடமில்லை."

கோர்டன் மாதிரிக்கு கேல் என்ற வெள்ளைக்காரக் கீரையில் ஒரு கட்டு வைத்துவிட்டுப் போனார். கரும்பச்சையாய், சுருண்டு, தோல்செருப்பின் உறுதியோடு அது மேசையில் அமர்ந்திருந்தது.

அடுத்து வந்தவன் பிரியந்தன். மார்க்கம் நகருக்கு அப்பால் வாடகைக் காணியில் பயிர் செய்கிறவன். நகங்களில் மண் இருந்தது. ஈரத் துணியில் சுற்றிய ஒரு பிடி தண்டுக்கீரையை மேசையில் வைத்து விரித்தான். "விடியக்காலமை அறுத்தது, அன்ரி," என்று, தற்செயலாகக் குணவதியைப் பார்த்துச் சொன்னான்.

இலைகளில் இன்னும் ஈரம் இருந்தது. அறைக்குள் மண்வாசம் வந்தது. குணவதி வடைத் தட்டை வைக்க மறந்து நின்றார்.

"எவடம், தம்பி?"

"ஸ்காபரோ, அங்கிள். இஞ்ச பிறந்த ஆள் நான்."

"அது எல்லாரும் சொல்லுறதுதானே. ஊர் எது?"

அவன் தகப்பனின் ஊரைச் சொன்னான். ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்கு முன்னாலா பின்னாலா, பின்னால் என்றால் யாருடைய வளவுக்குப் பக்கம் என்று விசாரணை முறையாக முன்னேறியது. பன்னிரண்டாவது கேள்வியில், அவனுடைய தாயாரின் மைத்துனி பொன்னம்பலத்தின் மனைவிக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உது சிக்கல். சொந்தக்காரனைத் தெரிஞ்சால் பாரபட்சம் எண்டு சனம் கதைக்கும்."

"எனக்கு இவரை இண்டைக்குத்தானே தெரியும்," என்றார் பொன்னம்பலம்.

"உது அதைவிடச் சிக்கல். தெரியாத ஆளை எப்பிடி நம்புறது?"

பிரியந்தன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அங்கிள், நீங்கள் கீரையைப் பாருங்கோவன்."

"பாப்பம், தம்பி. எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு."

அவன் போனதும் குணவதி மெல்லச் சொன்னார். "தலைவர், இதை இப்பவே கொண்டுபோய்ச் சமைச்சுப் பாத்தால் தெரிஞ்சிடுமே. அரை மணித்தியாலம் காணும்."

"சமைச்சால் சான்று அழிஞ்சுபோகும், அக்கா. மாதிரிகள் ரெண்டும் அடுத்த கூட்டத்தில உரிய முறையில பரிசோதிக்கப்படும். அதுவரைக்கும் இருந்த இடத்தில இருக்க வேணும்."

"அப்ப ஃபிரிட்ஜிலயாவது வைப்பம்."

பொது மண்டபத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி இருந்தது. அதன் சாவி கட்டட அலுவலகத்தில் இருந்தது. அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. குணவதி தேநீர்க் கேத்திலருகே போய், உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து வந்து கீரையில் தெளித்தார்.

"அக்கா!" என்றார் தலைவர். "என்ன செய்யிறியள்? மாதிரியில தலையிடுறது பெரிய குற்றம். ஒண்டுக்குத் தெளிச்சால் மற்றதுக்கும் தெளிக்க வேணும்."

குணவதி கேலுக்கும் தெளித்தார். தண்ணீர் அதன்மேல் ஒட்டாமல் உருண்டு விழுந்தது.

அடுத்த கூட்டம் உடனே நடக்கவில்லை. முதலில் கோயில் கொடியேற்றம் வந்தது. பிறகு தலைவரின் பேத்தி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. ஹெலிகொப்டரில் வந்திறங்குகிற சாமத்தியவீடு என்பதால் ஏற்பாடுகள் அதிகம். பிறகு பொன்னம்பலம் லண்டனுக்குப் போய்வந்தார். மண்டபம் பூட்டிக்கிடந்தது. குணவதி போகும்போதும் வரும்போதும் கதவுக் கண்ணாடியினூடாகப் பார்ப்பார். முதல்நாள் கீரை தலை சாய்ந்திருந்தது. மறுநாள் படுத்திருந்தது. அதற்குப் பிறகு அவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நோயாளியைப் பார்க்கப் போகாமல் விட்டுவிட்ட குற்றவுணர்வோடு, மற்றப் பக்கத்து வாசலால் போய்வந்தார்.

கடைசியில் கூட்டம் கூடியபோது கதவைத் திறந்த எமில்டா, "யேசுவே!" என்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். சாவி சம்பந்தமான கடிதத்துக்கு அலுவலகத்திலிருந்து பதில் வந்திருந்தது. கடிதம் பரிசீலனையில் இருப்பதாக எழுதியிருந்தார்கள்.

குழு மாதிரிகளைப் பரிசோதித்தது. தண்டுக்கீரை கறுத்து, நீர்விட்டு, மேசையோடு ஒட்டியிருந்தது. கேல் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. ஓரத்தில் ஒரு சிறு மஞ்சள், அவ்வளவுதான்.

தலைவர் முடிவை எழுந்துநின்று வாசித்தார். "பிரியந்தனின் கீரை புதியதல்ல என்பதைக் குழு தன் கண்ணால் கண்டது. கோர்டனின் கேல் இத்தனை நாளின் பின்னும் புதியதாகவே இருப்பதால், புதிய மரக்கறி என்பதன் பொருளுக்கு அதுவே பொருத்தம். மேலும் கோர்டன் உள்ளூர். பிரியந்தன் எங்கட ஆள். ஆகவே உள்ளூர் அல்ல."

"ஆனால் தலைவர்," என்றார் குணவதி, "கீரை செத்தது நாங்கள் வைச்சிருந்ததாலதானே?"

"காரணத்தை ஆராயிறது எங்கட அதிகாரத்துக்குள்ள இல்லை, அக்கா. நாங்கள் தெரிவுக் குழு. விசாரணைக் குழு இல்லை."

வாக்கெடுப்பு நடந்தது. மூன்று கைகள் உயர்ந்தன. "நீங்களும் தூக்கினால் ஏகமனது," என்றார் தலைவர் கனிவாக. "ஏகமனது எண்டால்தான் ஒரு அழகு." எமில்டா சினேகமாகச் சிரித்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எத்தனையோ கூட்டங்களில் உயர்ந்து பழகிய கை குணவதியின் கை. அது அவரைக் கேட்காமலே உயர்ந்தது.

முதற்பெட்டி வந்த நாளில் விழா எடுத்தார்கள். குத்துவிளக்கேற்றி, கனடாக் கீதமும் தமிழ்த்தாய் வாழ்த்தும் பாடி, கோர்டனுக்குப் பொன்னாடை போர்த்தி, 'மண்ணின் மைந்தர்' என்ற பட்டமும் கொடுத்தார்கள். வரவேற்புரையிலிருந்து நன்றியுரை வரைக்கும் பெட்டிகள் வெயிலில் இருந்தன. கேலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேலை என்ன செய்வதென்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தால் கடிக்க முடியவில்லை. அவித்தால் அவியவில்லை. எறியவோ மனம் வரவில்லை. ஏகமனதாகத் தெரிவு செய்ததை எப்படி எறிவது? ஆகவே அன்பளிப்பாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். நாலாம் மாடி ஏழாம் மாடிக்கு ஒரு பை கேல் அனுப்பியது. வெறும் பையைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. ஏழாம் மாடி அந்தப் பைக்குள் ஒன்பதாம் மாடி தந்த கேலை வைத்துத் திருப்பியது. கேல் லிப்டில் ஏறி இறங்கியது. ஒருமுறை குணவதி தான் கொடுத்த கேலைத் தண்டில் இருந்த வெட்டைக் கொண்டு அடையாளம் கண்டார். அது அவரைவிட நல்ல நிறத்தோடு திரும்பி வந்திருந்தது. கட்டடத்தில் இவ்வளவு சமூக ஒற்றுமை முன்னெப்போதும் இருந்ததில்லை என்று தலைவர் வானொலியில் சொன்னார்.

புரட்டாதி முடிகிற நேரம். ஒரு சனிக்கிழமை குணவதி ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் எடுத்து, இரண்டாவது பஸ்ஸும் எடுத்து, மார்க்கம் வீதியில் ஒரு பிளாசாக் கடைத்தொகுதியின் பின்புறம் போய் இறங்கினார். பிரியந்தன் அங்கே தன் வான் வண்டியில் வைத்துக் கீரை விற்கிறான் என்று கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஏகமனதான முடிவை மீறுகிறோம் என்ற கூச்சத்தில் தலையில் சால்வையைப் போட்டிருந்தார்.

வானுக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டிருந்தவர் தலைவர். பின்னால் பொன்னம்பலம். அவருக்குப் பின்னால், கறுப்புக் கண்ணாடி போட்ட எமில்டா. மூவர் கையிலும் நிறைந்த பைகள். பழக்கத்தைப் பார்த்தால் இது முதற்தடவை போலத் தெரியவில்லை. ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி, ஒருவரை ஒருவர் காணாமல் நின்றிருந்தார்கள்.

"வாங்கோ அன்ரி," என்றான் பிரியந்தன் உரக்க. "நல்ல நேரம். கடைசிப் பிடி இது. இண்டைக்கு இரவு உறைபனி விழுகுதாம். இனி வாற வருசம்தான்."

மூன்று தலைகளும் திரும்பின.

"நான் மருந்து எடுக்க வந்தனான்," என்றார் தலைவர்.

"நான் ஒரு பார்சல் போட," என்றார் பொன்னம்பலம்.

எமில்டாவின் பைக்குள்ளிருந்து தண்டுக்கீரை ஒன்று எட்டிப் பார்த்தது. அதை உள்ளே தள்ளினார்.

தலைவர்தான் முதலில் தேறினார். கச்சேரி அவருக்குக் கைகொடுத்தது. "பாருங்கோ," என்றார், "தெரிவுக் குழு முழுசா இஞ்ச நிக்குது. அப்ப இது ஒரு கூட்டம். தம்பியின்ர விசயத்தை மறுபரிசீலனை செய்யிறது நியாயமெண்டு நான் பிரேரிக்கிறன். அதுக்குத்தான் நாங்கள் வந்தனாங்கள்."

"ஓம், அதுக்குத்தான்," என்றார் பொன்னம்பலம், நிம்மதியாக. "வழிமொழியிறன்."

"மறுபரிசீலனைக்கு மாதிரி ஒண்டு வேணும்."

எல்லோரும் தத்தம் பைகளைப் பார்த்தார்கள். பைகள் மெல்ல முதுகுப்பக்கம் நகர்ந்தன. பிறகு எல்லோர் கண்ணும் ஒரே நேரத்தில் வானின் தட்டுக்குப் போனது. அங்கே ஒரு பிடி இருந்தது. ஈரம் காயாமல், நிமிர்ந்து, இன்னும் ஒன்றும் அறியாமல்.

"அங்கிள், அது அன்ரிக்கு..." என்று தொடங்கினான் பிரியந்தன்.

"குழுவுக்கு எண்டால் அன்ரிக்கும்தான், தம்பி. அவ எங்கட பெண் பிரதிநிதி." தலைவர் அதைப் பக்குவமாக எடுத்து ஒரு கடதாசியில் சுற்றினார். "மண்டபத்தில வைப்பம். அதே மேசை. ஆதரவானவை கையைத் தூக்குங்கோ."

மூன்று கைகள் உயர்ந்தன.

குணவதி அந்தக் கீரையைப் பார்த்தார். வாற வருசம் என்பதை ஒருமுறை மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கை உயர்ந்துவிட்டது.

"ஏகமனது," என்றார் தலைவர், திருப்தியாக.

பஸ் தரிப்பில் எமில்டா பக்கத்தில் வந்து நின்றார். கீரைப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, குணவதியின் தோளில் கைவைத்தார்.

"கவலைப்படாதேங்கோ அக்கா. வீட்டை கொஞ்சம் கேல் கிடக்கு. பின்னேரம் கொண்டுவந்து தாறன்."