பிழைத்துப்போன நடராஜா

பின்கதவால் ஓடிவிடலாம் என்று நினைத்துத்தான் நடராஜா தாழ்ப்பாளைத் தூக்கினார். கிணற்றடியிலும் ஆட்கள் நின்றார்கள்.

"ஐயா முழிச்சிட்டாரு!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். முன்பக்கம் நின்ற கூட்டம் அப்படியே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடி வந்தது. நடராஜா கதவை அறைந்து சாத்தினார்.

"அழகாயி, பின்னாலயும் நிக்கிறாங்க."

"எனக்குத் தெரியாதா? விடியக்காலைல பல்லு வெளக்கக்கூட விடல," என்றாள் மனைவி. "என்னத்தையாவது சொல்லி அனுப்புங்களேன்."

"என்னத்தச் சொல்ல? சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையே!"

அதுதான் அவருடைய பிரச்சினை.

நடராஜா உக்குவளைக் கடைவீதியில் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவர். போன வருடம் அவருடைய சிறுநீரகத்தில் புற்றுநோய் என்றார்கள். பிறகு அது நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். கடைசியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. விரும்பினதச் சாப்பிடக் குடுங்க" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அழகாயிக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு போனார்கள். எந்தச் சட்டையைப் போட்டு அனுப்ப வேண்டும் என்றுகூட நடராஜா சொல்லி வைத்துவிட்டார். அவரே தைத்த சட்டை அது.

ஆனால் அவர் சாகவில்லை. முதலில் பசி எடுத்தது. பிறகு எழுந்து உட்கார்ந்தார். பிறகு நடந்தார். கிளினிக்கில் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், நோய் இருந்த இடத்தில் நோய் இல்லை. டொக்டர் படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு டொக்டர்மாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எப்பிடி சேர் சுகமாச்சு?" என்று கேட்டார் நடராஜா.

"எங்களுக்கும் தெரியாது. ரொம்ப அபூர்வமா, யாருக்காவது இப்பிடி நடக்கும். காரணம் சொல்ல முடியாது."

"இனிமே வராதுதானே?"

"அதையும் சொல்ல முடியாது, நடராஜா."

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் நிமலன் என்று ஓர் இளைஞன் இருந்தான். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன். கொடுத்த மருந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்து எடுத்துக் குடித்தான், வைக்காத நேர்த்திக்கடன் இல்லை. அவன் செத்துப் போனான். ஒரு மருந்தும் இல்லாமல் வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்து நடந்தார். இதை நினைத்தால் நடராஜாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கக் கை வராது.

என்ன மருந்தில் சுகமானது என்று கேட்டு ஊர் விடவில்லை. யட்டவத்தையிலிருந்தும் நாலந்தாவிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். முதலில் நடராஜா உள்ளதைச் சொன்னார்.

"நான் ஒரு மருந்தும் குடிக்கல."

"மறைக்காதீங்க ஐயா. உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்," என்று நாலந்தாவிலிருந்து வந்த மஸீஹா டீச்சர் அழுதார். அவருடைய கணவர் வேனுக்குள் சாய்ந்து கிடந்தார். "அப்ப என்னதான் சாப்பிட்டீங்க? அதையாவது சொல்லுங்க."

அந்தக் கண்ணீரைப் பார்த்து நடராஜா உண்மையைச் சொல்லிவிட்டார். "படுத்துக் கிடந்தப்ப ஒண்ணுமே எறங்கல டீச்சர். மாலு பணிசும் கிறீம் சோடாவும்தான் சாப்பிட்டேன். அதுதான் ஆசையா இருந்துச்சு."

மறுநாள் உக்குவளை பேக்கரியில் ஏழு மணிக்குள் மீன் வைத்த மாலு பணிஸ் முடிந்துவிட்டது. அதற்கடுத்த நாள் மாத்தளை டவுனிலும் முடிந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நடராஜாவைத் திட்டிக்கொண்டு போனார்கள். எண்ணெயும் மீனும் ஒத்துக்கொள்ளாமல் வாந்தியும் பேதியும் பிடித்த நோயாளிகள் அவர் வாசலுக்கே திரும்பி வந்தார்கள். மச்சம் மாமிசம் தொடாத பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, மீனுக்குப் பதிலா உருளைக்கிழங்கு வச்சுச் சாப்பிட்டா சுகமாகுமா?" என்று கேட்டார்.

 யாருக்கும் கெடுதல் செய்யாத ஒன்றைச் சொல்லித் தொலைப்போம் என்று நடராஜா, "பணிஸ் இல்லங்க. வல்லாரைக் கஞ்சி. அதுதான்," என்றார்.

"பொய்தானே சொன்னீங்க?" என்றாள் அழகாயி, உள்ளே வந்ததும்.

"கஞ்சி குடிச்சு யாரு செத்தா? குடிச்சிட்டுப் போகட்டும்."

சந்தையில் வல்லாரை இல்லாமல் போனது. அது போதாதென்று, வீட்டில் காய்ச்சிய கஞ்சியில் குணம் தெரியவில்லை, பிழைத்தவர் கையால் காய்ச்சினால்தான் சரி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தையல் மெசினைச் சுவரோடு தள்ளி வைத்துவிட்டு முன்னறையில் அண்டா ஏறியது. நடராஜா விடியும் முன்னே எழுந்து கஞ்சி கிண்டினார். சீருடைத் துணியெல்லாம் வெட்டாமல் கிடந்தது.

சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் கோபமாக வந்தார். நடராஜாவுக்கு உயிர் வந்தது. இவர் மூடச் சொல்வார், நிம்மதி. பரிசோதகர் அண்டாவைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கதவை மெல்லச் சாத்தினார்.

"எங்க மாமியாருக்கு ஒரு போத்தல் ஊத்தித் தாங்க. வெளிய சொல்லிராதீங்க," என்றார்.

இதையெல்லாம்கூட நடராஜா பொறுத்துக்கொண்டிருப்பார். கிருஷாந்தி வந்த நாளில்தான் அது முடியாமல் போனது. சின்னப் பெண். மார்பில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப ஊசிக்குப் போறதில்லீங்க," என்றாள் தாய், பெருமையாக. "அத நிப்பாட்டிட்டோம். இனி உங்க கஞ்சிதான்."

நடராஜாவின் கையிலிருந்த அகப்பை அண்டாவுக்குள் விழுந்தது.

"போங்கம்மா! இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க! இது வெறும் கஞ்சிம்மா!"

"ஐயாவுக்கு என்னா அடக்கம்," என்றாள் தாய், பக்கத்தில் நின்றவளிடம்.

அன்று முழுக்க யோசித்து, நடராஜா ஒரு சட்டம் போட்டார். கிளினிக் கார்டைக் காட்டினால்தான் கஞ்சி. ஆஸ்பத்திரி மருந்தோடு சேர்ந்தால்தான் இது வேலை செய்யும், மருந்தை விட்டால் கஞ்சி விஷமாகிவிடும் என்று ஒரே போடாகப் போட்டார். அழகாயி வாசலில் நின்று, பஸ்ஸில் டிக்கட் பார்ப்பவரைப் போல ஒவ்வொரு கார்டாகப் பார்த்து ஆளை உள்ளே விட்டாள். கிருஷாந்தி ஊசிக்குத் திரும்பிப் போனாள். நடராஜா அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சோறு தின்றார்.

ஒரு வாரத்துக்குள் ஊரில் வேறு கதை நடந்தது. கஞ்சிக்கு ஆஸ்பத்திரி கார்டு கேட்கிறார்கள் என்றால், ஆஸ்பத்திரியே அனுப்புகிறது என்றுதானே அர்த்தம்? கூட்டம் இரட்டிப்பானது. பஸ் கொண்டக்டர்மார் அவர் வீட்டுச் சந்தியில், "கஞ்சி ஹோல்ட் எறங்கு!" என்று கத்தத் தொடங்கினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல், கூட்டம் கலைந்த பிறகு, ஜிப்ரி நானா வந்தார். மிளகும் கராம்பும் வாங்கி விற்ற வியாபாரி. ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவருடைய மனைவியின் தம்பி றிஸ்வான் த்ரீவீலரிலிருந்து அவரை மெதுவாகப் பிடித்து இறக்கினான்.

"கார்டு?" என்றாள் அழகாயி.

"கார்ட அவங்களே வாங்கி வச்சிக்கிட்டாங்க, தங்கச்சி. இனி வரத் தேவல்லையாம். கல்லீரல் முழுக்கப் பரவிட்டாம்," என்று ஜிப்ரி நானா சிரித்தார்.

நடராஜாவுக்கு அந்த வார்த்தைகள் நன்றாகத் தெரியும். அவருக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். மறுபேச்சில்லாமல் கதிரையைத் தூசி தட்டிப் போட்டு உட்காரவைத்து, கோப்பையில் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார்.

ஜிப்ரி நானா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நடராஜாவைப் பார்த்தார். வந்தவர்கள் எல்லாரும் அவர் கையைத்தான் பார்ப்பார்கள், கையில் என்ன இருக்கிறது என்று. இவர் முகத்தைப் பார்த்தார்.

"ராவைக்குத் தூக்கம் வருதா?"

 பிழைத்து எழுந்த நாளிலிருந்து நடராஜாவிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"இல்ல நானா. இருமல் வந்தா முடிஞ்சுது. திரும்பி வந்திருச்சோன்னு எழும்பி உக்காந்துருவேன்."

"சாப்பாடு?"

"எறங்காது. நிமலன்னு ஒரு பையன். அவன் நெனப்பாவே இருக்கு. அவன விட்டுட்டு என்னைய எதுக்கு வச்சிருக்கு, நானா? கால்சட்டைக்கு ஓரம் அடிக்கவா?"

 நடராஜா சொன்னதையெல்லாம் ஜிப்ரி நானா கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது ஒரு பை தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, நடராஜாவின் தோளில் கைவைத்து, வாய்க்குள் ஏதோ துஆ ஓதினார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். பள்ளிவாசலிலிருந்து நேரே வருவார். கையில் தோடம்பழம் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பிஸ்கட் பெட்டி. வைத்தியருக்குக் கொண்டுவரும் காணிக்கை என்று நினைத்து நடராஜா கூசிப் போவார். ஆனாலும் வியாழக்கிழமையே நடராஜாவுக்கு மனம் இலேசாகத் தொடங்கிவிடும். ஜிப்ரி நானா பழைய சந்தைக் கதைகள் சொல்வார். எடை கூட மிளகை நனைத்துக் கொண்டுவந்தவன், கொளுத்தும் வெயிலில் நின்று, மழையில் நனைந்தது என்று சத்தியம் செய்த கதையைக் கேட்டு, நோய் வந்த பிறகு முதன்முதலாக நடராஜா வாய்விட்டுச் சிரித்தார். அடுப்படியிலிருந்த அழகாயி பயந்து ஓடிவந்து பார்த்தாள்.

சிரித்து முடித்ததும் நடராஜா கஞ்சிக் கோப்பையைப் பார்ப்பார். இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுகிறேனே. வாரத்துக்கு வாரம் ஜிப்ரி நானாவின் கண்கள் மஞ்சளாகிக்கொண்டு வந்தன. கால்கள் வீங்கின. முதலில் கைத்தடியோடு வந்தார், பிறகு றிஸ்வான் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நானா, இந்தக் கஞ்சி…" என்று ஒருநாள் நடராஜா தொடங்கினார்.

"உப்புக் கொஞ்சம் கொறவு," என்றார் ஜிப்ரி நானா.

நடராஜா ஓடிப்போய் உப்பு எடுத்து வந்தார். 

"சொல்லிருங்க," என்றாள் அழகாயி, அவர்கள் போனதும். "பாவங்க அந்த மனுசன். இந்த நெலமைல குலுங்கிக் குலுங்கி வர்றாரே, இந்தப் பச்சத் தண்ணிக்காக."

"சொன்னா, இருக்கிற நம்பிக்கையும் போயிருமே."

"சொல்லாட்டி?"

 அடுத்த வெள்ளிக்கிழமை என்ன ஆனாலும் சொல்லிவிடுவது என்று நடராஜா முடிவு செய்தார். அண்டாவுக்கு முன்னால் நின்று பேசிப் பேசிப் பழகினார். நானா, என்னை மன்னிக்கணும். நானா, நான் ஒரு தையல்காரன். நானா, எனக்கு ஒண்ணும் தெரியாது. காலில் விழலாமா என்றும் யோசித்தார். விழுந்தால் அந்த மனிதர் குனிந்து தூக்கப் பார்ப்பார், அவரால் முடியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. கதிரையைப் போட்டு வைத்தார். ஜும்மாத் தொழுகை முடிந்து தொப்பி போட்டவர்கள் வீதியில் நடந்து போனார்கள். த்ரீவீலர் எதுவும் நிற்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜிப்ரி நானாவின் பெயரைச் சொல்லி, மவுத்தானார் என்று அறிவித்தார்கள்.

நடராஜா அண்டாவை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் கவிழ்த்தார்.

"எங்க போறீங்க?" என்று அழகாயி கேட்டாள்.

"செத்த வீட்டுக்கு."

"வேணாங்க. அடிச்சிருவாங்க."

"அடிக்கட்டும்."

ஜிப்ரி நானாவின் வீட்டு வாசலில் கதிரைகள் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடராஜா படலையடியில் நின்றார்.  யாரோ அவரைக் காட்டி யாரிடமோ எதையோ சொன்னார்கள். கூட்டத்திலிருந்து றிஸ்வான் எழுந்து நேரே அவரை நோக்கி வந்தான். அழுது கண் சிவந்திருந்தது. நடராஜாவின் மணிக்கட்டைப் பிடித்து மதிலோரத்துக்குக் கூட்டிப் போனான். சரி, இங்கேதான் அடிக்கப் போகிறான் என்று நடராஜா நினைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அடிங்க தம்பி," என்றார். பழகி வைத்த பேச்சு ஒன்றும் நினைவில் இல்லை. "நான் அவர ஏமாத்திட்டேன். அது மருந்தில்ல. வெறும் கஞ்சி. நான் எதுனால பொழச்சேன்னு எனக்கே தெரியாது. நடக்க முடியாத மனுசன ஒரு கோப்பைத் தண்ணிக்காக இம்புட்டுத் தூரம் வரவச்சேனே. கடைசி நாளெல்லாம் வீணாக்கிட்டேனே."

றிஸ்வான் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தான்.

"என்ன அண்ணன் சொல்றீங்க? கஞ்சி மருந்தில்லன்னு மச்சானுக்கு மொத நாளே தெரியும்," என்றான். "வெள்ளிக்கிழமைல ஒரு நோயாளியப் போய்ப் பார்க்கிறது நன்மைன்னு சொல்லித்தான் உங்களப் பார்க்க வந்தாரு."