பதினைந்து அங்குலத்தில் நாலு கோழி: என் மைத்துனருக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் இங்கே நலம். உங்கள் அக்காவுக்கு முழங்கால் வலி. எனக்கு வாய்தான் கோளாறு, பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை என்று அவள் சொல்கிறாள். அங்கே நீங்களும், உங்கள் வீட்டாரும், பண்ணையில் இருக்கும் முப்பதாயிரம் பேரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முப்பதாயிரம் பேர் என்பதை அடித்துவிட்டுக் கோழிகள் என்று எழுதலாமா என யோசித்தேன். மைப்பேனா, அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

போன மாதம் முட்டை குறைந்துபோன கோழிகளைக் கழிக்கும்போது எங்களை நினைத்துக்கொண்டு இரண்டை எடுத்துவைத்து, ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினீர்கள். "சமைச்சுச் சாப்பிடச் சொன்னாருங்க" என்று அவர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே சமைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. ஆனால் உங்கள் அக்கா அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது எரிவாயு தீர்ந்துவிட்டது, புது சிலிண்டர் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள், பெட்டிக்குள்ளேயே கிடந்தால் நாறும் என்று கோழிகளைக் கூடத்தில் இறக்கிவிட்டோம். ஓடி ஒளிந்துகொள்ளும் என்று பயந்து நான் கதவு ஜன்னலையெல்லாம் சாத்தினேன், உங்கள் அக்கா துடைப்பத்தோடு வாசலை மறித்து நின்றாள். இரண்டும் அசையவில்லை. இறக்கிவிட்ட தரைக்கல்லிலேயே ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன, ஒரு மணி நேரம் கழித்தும் அதே கல்லில்தான் நின்றன. கழுத்தில் இறகு தேய்ந்து தோல் தெரிந்தது, அலகு நுனி மழுங்கியிருந்தது, நகம் வளைந்து விரலுக்கு அடியில் சுருண்டிருந்தது.

நோய்க்கோழியைத் தின்று எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்களுக்கல்லவா கெட்டபெயர் என்று, கீழ்வீட்டில் குடியிருக்கும் கால்நடை மருத்துவமனை உதவியாளரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "நோயெல்லாம் ஒண்ணுமில்ல சார். இதுங்களுக்கு நடக்கத் தெரியாது. நடந்ததே இல்ல. எந்த மகராசன் செஞ்ச கூண்டோ" என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அக்கா பெருமையாக, "இவருதாங்க செஞ்சாரு. என் தம்பி பண்ணைக் கூண்டு மொத்தமும் இவரு பட்டறையிலதான்" என்றாள். அவர் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மைத்துனரே, இருபத்தாறு வருஷம் உங்களுக்குக் கூண்டு செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட உள்ளே கோழி இருக்கும்போது அதைப் பார்த்ததில்லை. மாட்டிக் கொடுக்கும்போது கொட்டகை காலியாக இருக்கும், குஞ்சு வந்தபிறகு நோய் தொற்றும் என்று வெளியாட்களை விடமாட்டீர்கள், நான் உங்கள் வீட்டு முன்னறையில் முட்டைப் பொரியல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். காலிக் கூண்டு பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து அங்குலக் கூண்டில் நீங்கள் மூன்று கோழிக்குத்தான் கேட்டீர்கள். நாலாவதும் நிற்கும் என்று சொன்னவன் நான். அதற்காக அந்தக் காலத்தில் கறிக்கடைக்குப் போய், கடைக்காரர் ஒரு கோழியை இறக்கையோடு அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷம் பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் எனக்கு மேடையில் கைதட்டினார்கள். அப்போது எடுத்த படம் இன்னும் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது, கோழிகள் நின்ற கல்லுக்கு நேர் எதிரில்.

சிலிண்டர் வந்த நாளில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், அவர்கள் போன மறுநாள் உங்கள் அக்கா கத்தியை எடுத்துவைத்துவிட்டுத் திரும்பினால் ஒரு கோழி அவள் பின்னாலேயே மூன்று தரைக்கல் தூரம் நடந்து வந்து நிற்கிறது. அவள் கத்தியை உள்ளே வைத்துவிட்டு, "இதுங்களுக்குப் பேரு கீரு வெச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றாள். வைக்கவில்லை. அதே கோழி ஐந்தாம் நாள் திடீரென்று இரண்டு இறக்கையையும் விரித்து, என் காபியைப் பேப்பரில் கொட்டி, மூக்குக்கண்ணாடியையும் தட்டிவிட்டது. சட்டைப்பையில் எப்போதும் நாடா இருக்குமே, உங்கள் அக்காவைப் பிடிக்கச் சொல்லி இறக்கையை அளந்தேன். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இருபத்தொன்பது அங்குலம். ஒரே ஒரு கோழிக்கு. "ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? கண்ணாடி உடையலையே" என்றாள் உங்கள் அக்கா. நான் நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் மற்றொரு கோழி வழவழவென்ற தரையில் படுத்து, இல்லாத மண்ணைக் காலால் வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. மண்ணில் புரளுவதுதான் கோழிக்குக் குளியலாம். பக்கத்தில் கட்டடம் கட்டுகிறார்கள், ஒரு பை மணல் அள்ளிக்கொண்டு வருவோம் என்று போய்க் காவலாளியிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். "எதுக்குப் பெரியவரே மணலு?" என்றார். "கோழி குளிக்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்திருப்பார், அவரே இன்னொரு பை அள்ளிக்கொடுத்து வீட்டுவாசல் வரை தூக்கிவந்து விட்டுப் போனார். கூடத்து மூலையில் கொட்டினோம். அது புரண்டதைப் பார்த்துக்கொண்டே உங்கள் அக்கா அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள்.

அந்தக் கோழி இப்போது இல்லை. மணல் கொட்டிய நாலாம் நாள் நாற்காலியில் ஏறிவிட்டுக் கீழே குதித்தது. அவ்வளவுதான் உயரம். இரண்டு காலும் முறிந்துவிட்டன. கீழ்வீட்டுக்காரர் வந்து தடவிப் பார்த்தார். "எலும்புல இருந்ததையெல்லாம் முட்டை ஓட்டுக்குக் குடுத்து முடிச்சிருச்சு சார். உள்ள ஒண்ணுமில்ல" என்று ஊசி போட்டு அதன் கண்ணை மூடவைத்தார். தின்னத்தானே அனுப்பினீர்கள், ஆனால் எங்களால் ஆகவில்லை. அதன்பிறகு இந்த வீட்டில் கறி சமைக்கவில்லை. கொள்கை என்றெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு பேரில் ஒருவரும் கடைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் புதுக் கொட்டகைக்கு இரண்டாயிரம் கூண்டு கேட்டிருப்பதாக மகன் சொன்னான். பட்டறை இப்போது அவன் கையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த அளவில் செய்யாதே என்றேன். "அப்பா, நீங்க ரெண்டு கோழியப் பாத்துட்டுப் பேசறீங்க. அங்க முப்பதாயிரம் இருக்கு" என்றான். "அதத்தான்டா நானும் சொல்றேன்" என்றேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

கோழியைத் தின்பது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். அறுபத்தைந்து வருஷம் தின்றவன், திடீரென்று உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு வாய் கூசுகிறது. நீங்கள் கெட்டவரும் இல்லை, வெயில் காலத்தில் கொட்டகைக் கூரையில் நீங்களே நின்று தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அளவு தப்பு. அளந்தவன் நான், அதனால் நானே சொல்கிறேன். புதுக் கொட்டகையில் கூண்டு வேண்டாம், தரையில் விட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அகலத்தையாவது இரண்டு மடங்காக்குங்கள். பழைய அளவில் என் பட்டறையிலிருந்து இனி ஒரு கூண்டும் வராது, இது என் வாக்கு.

உங்கள் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உங்கள் அக்கா உங்களை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், முட்டையை விடச் சொல்லவில்லை.

என்றும் உங்கள் நலம் நாடும்,
அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: மகனுக்குப் படித்துக்காட்டிவிட்டு அனுப்பலாம் என்று கடிதத்தோடு பட்டறைக்குப் போனேன். அங்கே முதல் நூறு கூண்டு தயாராகிக்கொண்டிருந்தது. புதுப் பற்றவைப்பாளர் கதவுக் கம்பியைக் கோணலாக வைத்திருந்தார், கோழி தலையை நீட்டினால் கழுத்து மாட்டிக்கொள்ளும். அதை எப்படி விட்டுவிட்டு வருவது? உட்கார்ந்து ஒன்றைச் சரிசெய்து காட்டினேன், பிறகு இன்னொன்றை, சாயங்காலத்துக்குள் நூறையும் நானே முடித்துவிட்டேன். மகன் கதவை ஆட்டிப் பார்த்து, "உங்க கை வேலை உங்க கை வேலைதான்பா" என்றான். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது, அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. கடிதத்தைப் படித்துக்காட்டவில்லை. கூண்டு ஏற்றிய லாரியிலேயே கொடுத்தனுப்புகிறேன். சரக்கை இறக்கும்போது எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய அளவுதான்.