கான்கிரீட்டுக்குக் கண்பட்ட வெள்ளிக்கிழமை

கான்கிரீட் தரைக்குக் கண்படும் என்று நம்பிய ஒரே சிவில் டிப்ளமாக்காரன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அது 2006. ஷார்ஜா ரோலாவில் ஆறு பேர் தங்கிய ரூமில் ஒரு கட்டில் என்னுடையது. தரை போடும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மனைவி மல்லிகாவும் இரண்டு வயது மகள் கயலும் புதுக்கோட்டையில் இருந்தார்கள். அவர்களை அழைத்து வர வேண்டுமென்றால் என் விசாவில் 'ஹெல்ப்பர்' என்று இருக்கக் கூடாது, 'சூப்பர்வைசர்' என்று இருக்க வேண்டும். (டிப்ளமா படித்தவன் எப்படி ஹெல்ப்பர் விசாவில் போனான் என்று கேட்காதீர்கள். என்னை அனுப்பிய ஏஜென்ட்டைக் கேளுங்கள், கிடைத்தால்.)

முதலாளி திருச்சூர்க்காரர். தமிழும் மலையாளமும் கலந்து அவருக்கென்றே ஒரு மொழி வைத்திருந்தார். "மீனா பஜார் கடை நீ தனியா நோக்கி முடிச்சுக் கொடு. பார்ட்டி ஓகே பறஞ்சா, அதுக்கடுத்த சனியாழ்ச்ச உன் சூப்பர்வைசர் பேப்பர் ரெடி" என்றார். அன்றைக்கே மல்லிகாவுக்குப் போன் போட்டு, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டேன். கயலுக்கு மட்டும் மூன்று முறை எடுத்தார்களாம், ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டாளாம்.

'பார்ட்டி' என்றவர் சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர். கனடாவில் பத்து வருடம் இருந்துவிட்டு, குளிர் தாங்காமல் துபாய்க்கு வந்து, பர் துபாய் மீனா பஜாரில் சேலைக் கடை வைக்க இருந்தவர். எல்லோரும் டைல்ஸ், மார்பிள் என்று அலைந்த காலத்தில் இவர் மட்டும் பளபளவென்று தேய்த்த கான்கிரீட் தரைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"தம்பி, கனடாவில எங்கட வீட்டு நிலம் முழுக்க இதுதான். கீழால சுடுதண்ணிக் குழாய் ஓடும். வெளியில முழங்கால் அளவுக்கு ஸ்நோ கிடக்கும். உள்ளுக்கை நாங்கள் வெறுங்காலோட நடந்து திரிவம். ஆனா ஒண்டு. ஸ்நோ காலத்தில ரோட்டில உப்புப் போடுவாங்கள். அது சப்பாத்தில ஒட்டிக்கொண்டு வந்து நிலத்தைத் தின்னும். உப்பும் புளியும் படாமல் பாத்தா இந்த நிலத்துக்கு அழிவே இல்லை."

நான் பவ்யமாகத் தலையாட்டினேன். மனசுக்குள் சிரித்தேன். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் ஸ்நோவுக்கும் ரோட்டு உப்புக்கும் எங்கே போவது? நல்ல மனுஷன், குளிரில் கொஞ்சம் குழம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய டைல்ஸைப் பெயர்த்து, கான்கிரீட் போட்டு, ஒரு மாதம் காயவிட்டு, பிறகு மெஷினை ஏற்றினோம். ஓட்டியவர் பஷீர் பாய், பெஷாவர்க்காரர். முரட்டுக் கல்லில் ஆரம்பித்து, ஒன்றைவிட ஒன்று நைசான கல்லாக மாற்றி மாற்றி ஏழு தடவை தேய்த்தார். வியாழக்கிழமை சாயங்காலம் மெஷினை நிறுத்தித் துடைத்தபோது, கூரையில் இருந்த டியூப் லைட் தரைக்குள்ளும் எரிந்தது. அப்படி ஒரு தரையை நான் பார்த்ததே இல்லை.

"கல் கோட்டிங் லகாயேங்கே. தப் தக் பானி பி மத் கிரானா, அச்சா?" என்றார் பஷீர் பாய். பாதுகாப்புப் பூச்சு இன்னும் அடிக்கவில்லை, அதுவரை தண்ணீர்கூடச் சிந்தாதே என்று அர்த்தம். மறுநாள் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முதலாளியும் சிவபாதமும் வந்து பார்ப்பது, அவர்கள் சரி என்றதும் பூச்சு அடிப்பது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்க் கடையைத் திறந்து வைத்துக்கொண்டேன். திறந்திருக்கத் தேவையில்லை. (பெருமைதான், வேறென்ன?) பக்கத்து அத்தர் கடை காசிம் பாய் ஜும்மாவுக்குக் கிளம்பியவர், வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கீழக்கரைக்காரர், மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார்.

"யா அல்லாஹ்! என்ன தம்பி, தரையா இது? மூஞ்சி தெரியுதே! இந்த பஜார்லயே இப்படி ஒண்ணு கெடையாது."

அவருக்குப் பின்னால் வந்த மூன்று பேரும் அதையே சொன்னார்கள். ஒருத்தர் தலை சீவிக்கொண்டார். இத்தனை பேர் கண்ணும் பட்டால் நாலு மணிக்குள் ஏதாவது ஆகிவிடாதா? உடனே மல்லிகாவுக்குப் போன்.

"அதுக்கு ஏங்க பயப்படுறீங்க? ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, வாசப்படியில ரெண்டு பக்கமும் வச்சுடுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அவள் சொன்னது அவ்வளவேதான். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் வருங்கால சூப்பர்வைசர் ஆயிற்றே! கண்பட்டது வாசப்படிக்கா, தரைக்கா என்று யோசித்தேன். தரைக்குத்தான். அப்படியானால் தரையில் வைப்பதுதானே முறை?

பர் துபாய்க் கோயிலை ஒட்டிய சந்தில் போய் மூன்று எலுமிச்சம்பழம், ஒரு பொட்டலம் குங்குமம், ஒரு கிலோ கல்லுப்பு வாங்கி வந்தேன். உப்பைக் கையில் அள்ளித் தரையை மூன்று சுற்று சுற்றினேன். அதை வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பாதிதான் வெளியே போயிற்று. இரண்டு பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, நாலு மூலைக்கும் நாலு மூடி. வழக்கமாக நிமிர்த்தித்தான் வைப்பார்கள். நான் கவிழ்த்து வைத்தேன். திருஷ்டி தரையில் இருக்கும்போது எலுமிச்சம்பழம் கூரையைப் பார்த்து என்ன செய்யும்? மூன்றாவது பழத்துக்கும் குங்குமம் தடவி நட்டநடுவில் வைத்து, புது வண்டிக்குச் செய்வதுபோல, காலால் ஒரே மிதி.

அப்போதுதான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். சாறு பரவிய இடத்தில் மெல்லிய சத்தத்தோடு சின்னச் சின்ன நுரை கிளம்பியது. திருஷ்டி கழிகிறது! கண்ணால் பார்க்கிற மாதிரி கழிகிறது! கையெடுத்துக் கும்பிட்டேன். புளிப்பு பட்டால் சிமெண்ட் பொங்கும் என்பதைப் பாலிடெக்னிக்கில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பரீட்சையிலும் எழுதியிருந்தேன், மார்க்கும் வாங்கியிருந்தேன். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. நிம்மதியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போனேன்.

இரண்டரைக்குத் திரும்பி வந்து மூடிகளை எடுத்தேன். மூலைக்கொன்றாக நாலு வெள்ளை வட்டம், சுற்றிலும் சிவப்புக் கரை. நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய வட்டம், விரல் விரலாகக் கிளை விட்டிருந்தது. வட்டத்துக்குள் டியூப் லைட் தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருந்தது.

துணியால் துடைத்தேன். குங்குமம் இன்னும் கொஞ்சம் பரவியது. உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. கயல் கண்ணை மூடிக்கொண்ட அந்தப் போட்டோதான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு செய்ததுதான் உச்சக்கட்டம். பளபளப்புப் போனால் எண்ணெய் தடவினால் வந்துவிடும் என்று எந்தப் புண்ணியவான் என் காதில் சொன்னானோ தெரியாது, ஓடிப்போய் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து ஐந்து வட்டத்திலும் தேய்த்தேன். வந்துவிட்டது! கொஞ்சம் கறுப்பாக, ஆனாலும் பளபளப்பு வந்துவிட்டது. ஒரே சீராக இருக்கட்டும் என்று வாசல்வரைக்கும் தேய்த்தேன்.

நாலு மணிக்குச் சரியாக வந்துவிட்டார்கள். சிவபாதம் கனடா வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். இரண்டாவது அடியில் கால் வழுக்கி, சர்ரென்று மூன்றடி போய், இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். பத்து வருடம் பனியில் நடந்த கால்கள் அவரைக் காப்பாற்றின. பின்னால் வந்த முதலாளியின் கால்கள் திருச்சூரையும் வளைகுடாவையும் விட்டு வேறெங்கும் போனதில்லை. அவர் நடு வட்டத்தில் போய் உட்கார்ந்துதான் நின்றார். எழுந்தபோது வெள்ளைப் பேண்ட்டின் பின்பக்கம் குங்குமம்.

"எந்தாடா இது?" என்றார்.

பூச்சு அடிக்க வந்திருந்த பஷீர் பாய் குனிந்து ஒரு மூலையைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். "நிம்பு!" என்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு விரலால் ஒரு உப்புக் கல்லை ஒற்றி எடுத்தார். "நமக் பி!"

பொய் சொல்ல எதுவும் மிச்சமில்லை. சொல்லிவிட்டேன். சிவபாதம் நம்பாமல் இரண்டு முறை கேட்டார்.

"தேசிக்காயோ? நிலத்துக்கு ஆராவது தேசிக்காய் வெட்டுவினமோ தம்பி? கனடாவில அந்த ஸ்நோவுக்குள்ள உப்புப் படாமல் எட்டு வருஷம் என்ர நிலத்தைக் காப்பாத்தினனான். இங்க வந்து, மழையே இல்லாத ஊரில, நீங்கள் கடையில காசு குடுத்து உப்பு வாங்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறியள்!"

நான் குனிந்து தரையில் மிச்சமிருந்த உப்புக் கல்லைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

வட்டத்தை மட்டும் தேய்த்தால் அந்த இடம் பள்ளமாகத் தெரியும் என்பதால், பஷீர் பாய் முழுத் தரையையும் மூன்றாவது கல்லிலிருந்து மறுபடி தேய்த்தார். ஐந்து நாள். கடைத் திறப்பு விழா தள்ளிப்போயிற்று. என் சூப்பர்வைசர் பேப்பரும் கலாஸ். முதலாளி வேலையை விட்டு எடுக்கவில்லை, அதுவரைக்கும் அவர் நல்லவர். "இன்னொரு கொல்லம் கழிஞ்சு நோக்காம்" என்றார். கொல்லம் என்றால் வருடம்.

மல்லிகாவிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. முதலாளிக்குத் திடீரென்று மனசு மாறிவிட்டது என்று சொன்னேன். அவர் மனசு இளக வேண்டும் என்று அவள் செவ்வாய்க்கிழமை தவறாமல் அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டிருக்கிறாள். ஒரு மாலைக்கு இருபத்தேழு பழம். ஒவ்வொரு வாரமும் போனில் அதைக் கேட்டுக்கொண்டு 'உம்' கொட்டுவேன்.

ஒரு வருடமும் இரண்டு மாதமும் கழித்து இருவரும் வந்து இறங்கினார்கள். ஏர்போர்ட்டில் கயலைத் தூக்கப் போனேன். அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா யாரும்மா?" என்று கேட்டாள். அன்று ராத்திரியே மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வாசப்படியிலன்னுதானே சொன்னேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

இப்போது கயலுக்குக் கல்யாண வயது. யாராவது அவளிடம், "நீ துபாய்க்கு எத்தனை வயசுல வந்தே?" என்று கேட்டால், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள்: "ரெண்டு வயசுல வரவேண்டியது ஆன்ட்டி. மூணு எலுமிச்சம்பழம் லேட்டாயிடுச்சு." வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவள் முழு வாக்கியமாகப் பேசக் கற்றுக்கொண்டது அந்த வருடத்தில்தான். எனக்கு அதைப் போனில்தான் சொன்னார்கள்.