கொக்குப்படைக்கு மதிப்பெண் இட்ட மாப்போர்

வாழ்க வெர்லின் ஹாஸ்டெட்லர்! ஆலங்கட்டி மழை அறைந்து சாய்த்த சோளக்கொல்லைகளில் முப்பத்தோராண்டு தனியனாய் நடந்து, முறிந்த தட்டைகளை எண்ணி எண்ணி, 'நூற்றுக்கு அறுபத்திரண்டு சேதம்' என்று இமை கொட்டாமல் எழுதிய காப்பீட்டு நிறுவனத்தின் கல்நெஞ்ச மதிப்பீட்டாளன் வாழ்க! அழுத உழவர் முன் கலங்காதவன், பணி ஓய்வு பெற்று ஆறாண்டு கடந்தும் பார்த்த பொருளிலெல்லாம் சேதத்தையே தேடும் பருந்துக்கண்ணன், காலையில் மூன்று கோப்பை கறுப்புக் காப்பி அருந்தாமல் எவர் முகத்திலும் விழியாதவன் நீடு வாழ்க! அவன் பொருத போரையும், அதில் அவன் வென்றதையும் தோற்றதையும் உரைக்கப் புகுந்த இவ்வெளியேனின் சொற்குற்றம் பொறுக்க, அவையீர்!

நெப்ராஸ்காவின் சமவெளியில், கண்ணுக்கெட்டிய தொலைவுவரை சோளமும் அதற்கப்பாலும் சோளமுமே விளங்க, பெயரில் அருவி உண்டேயன்றி மண்ணில் அருவி இல்லாத எங்கள் கெஸ்லர் ஃபால்ஸ் நகரம் வீற்றிருக்கிறது. அந்நகருக்கு ஒரு கல்லூரி. அக்கல்லூரிக்கு, பந்தைக் கையிலேந்தி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்துப் படை ஒன்று. அப்படைக்குக் கொக்குகள் என்று பெயர். சனிக்கிழமை பிற்பகலில் கொக்குகள் களமிறங்கினால் ஊரில் திருடனும் திருடான், மருத்துவமனையில் பிறக்க வேண்டிய பிள்ளையும் நான்காம் கால்பகுதி முடியட்டும் என்று காத்திருக்கும்.

மறுநாள் ஞாயிறன்று, டெல்மாவின் சிற்றுண்டிச்சாலை முகப்புச் சன்னலில் தொங்கும் கரும்பலகையில், கொக்குகளின் காப்பணிக்கு, பள்ளிக்கூட முறைப்படி சிறப்புக்கு 'ஏ' முதல் தோல்விக்கு 'எஃப்' வரை, எழுத்தில் மதிப்பெண் இடப்படும். தாக்கும் அணிக்குப் புள்ளிப்பலகையே சான்று. அதைக் குருடனும் கணிப்பான். மதில் காக்கும் அணியை மதிப்பிடவோ கற்றறிந்தோர் வேண்டும். அக்கற்றறிந்தோர் இருவர். ஒருவன் நம் வெர்லின். மற்றவள் ஆர்லிஸ் டோலெஃப்சன், கால்நடை மருத்துவர், உறைபனித் தொழுவங்களில் தோள்வரை கைவிட்டு ஆயிரம் கன்றுகளை இவ்வுலகுக்கு இழுத்துப்போட்ட பெருந்தகை. இருவரும் உடன்பட்டாலன்றிச் சுண்ணக்கட்டி அசையலாகாது என்பது பத்தொன்பதாண்டுச் சட்டம்.

அச்சட்டம் சென்ற ஞாயிறு மீறப்பட்டது. ஆர்லிஸ் ஒரு பசுவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அந்நேரம் பார்த்து வெர்லின் தனியாட்சி நடத்தி, பலகையில் 'டி' என்று பொறித்து, அதன் கீழ், அவ்வெண் சட்டையணிந்த ஆட்டக்காரனைக் குறித்து, '27 — கண்ணைத் திற' என்றும் எழுதிவிட்டான்.

இவ்வாண்டுக் காப்பணியின் நிலையை என்னென்பேன்! சென்ற ஆண்டு மதில்போல் நின்ற பதினொருவரில் எண்மர் பட்டம் பெற்றுப் போயினர். ஒருவன் பல் மருத்துவம் பயில்கிறான், ஒருவன் மாமனாரின் டிராக்டர் கடையில் அமர்ந்துவிட்டான். அவர்தம் இடத்தில் மதில் காப்போர்க்குரிய நொச்சிமாலை சூடி நிற்போர், சவரக்கத்தியைப் பரிசாகப் பெற்றும் அதற்கு இன்னும் வேலை தராத முதலாண்டுப் பாலகர். முதல் ஆட்டத்தில் நாற்பத்தைந்து புள்ளிகளை எதிரிக்கு வாரி வழங்கினர். இரண்டாம் ஆட்டத்தில் முப்பது. நேற்று, மூன்றாம் ஆட்டத்தில், இருபத்தொன்று மட்டுமே வழங்கி, இருபத்து நான்கு பெற்றுக் கொக்குகள் வென்றன.

காலை ஒன்பது மணி. சன்னலோர மேசை. வெர்லின் கோப்பையை இறக்கினான், மேசை அதிர்ந்தது.

"டி பிளஸ்," என்று முழங்கினான்.

"பி," என்றாள் ஆர்லிஸ், அப்பத்தை அறுத்துக்கொண்டே.

"பி-யா? யோவ்... இல்ல, டாக்டரம்மா, நேத்து நீ வேற எங்கயாவது ஆட்டம் பாத்தியா?"

"நாப்பத்தஞ்சு, முப்பது, இருபத்தொண்ணு. இறங்குது பாரு. எண்ணத் தெரியும்ல?"

"இதே கணக்குல போனா ஆறாவது ஆட்டத்துல எதிரி நமக்குப் புள்ளி குடுக்கணும். வர்றவன் எல்லாம் மட்டமான டீம். அதான் இறங்குது."

"பொறந்த கன்னுக்குட்டி நாலு தடவை விழும் வெர்லின். அஞ்சாவது தடவை நிக்கும். விழறப்ப எல்லாம் நீ டி போடுவியா?"

"கன்னுக்குட்டி நிக்கறதை யாரும் சனிக்கிழமை மத்தியானம் டிக்கெட் வாங்கிப் பாக்கறதில்ல ஆர்லிஸ்!"

சொற்போர் முற்றியது. சொல்லால் ஆகாதது படையால் ஆகுமென்று தெளிந்த வெர்லின், இரு கைகளாலும் மேசைமேல் வியூகம் வகுக்கத் தொடங்கினான். செம்மேனித் தக்காளிச்சாற்றுப் புட்டி, பந்தேந்திப் பாயும் பகையரசனாயிற்று. குறுங்கழுத்துப் பால்குப்பிகள் நால்வர் முன்னணியில் தோளொடு தோள் நின்றனர். மஞ்சட்குடுமிக் கடுகுப்புட்டியும், இடையகன்ற மேப்பிள் பாகுக்குடுவையும் நடுக்களம் காத்தன. இவையனைத்துக்கும் பின்னே, இறுதி மதிலாய், சிறிதினும் சிறிதாய், தனித்து நின்றது ஒரு மிளகு ஜாடி.

"இதான் இருபத்தேழு," என்றான் வெர்லின். "ரெண்டாங் கால்பகுதி. இவன் வர்றான்..." தக்காளிச்சாறு சீறிப் பாய்ந்தது, பால்குப்பிகள் சிதறின. "இருபத்தேழு என்ன பண்றான்? இப்படித் திரும்பறான். அப்படித் திரும்பறான். தன் கால்லயே தடுக்கி விழறான். அறுபத்திரண்டு கஜம்! போயே போயாச்சு!" பகையரசன் உப்பையும் தாண்டி மேசை விளிம்பில் வெற்றிக்கொடி நாட்டினான்.

அப்போதுதான் பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"சார், மன்னிக்கணும். அந்தப் பாகுக்குடுவை தப்பான எடத்துல நிக்குது."

திரும்பினர். நாற்பதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி ஒருவர், தொடாத முட்டைத் தட்டின் முன் அமர்ந்திருந்தார். ஊருக்குப் புதியவர், நெடுவழி வண்டியோட்டிய களைப்பு கண்களில் இருந்தது.

"அம்மா," என்றான் வெர்லின் பெருந்தன்மையோடு, "நான் முப்பத்து நாலு வருஷமா இந்த ஆட்டத்தைப் பாக்கறேன்."

"நான் நேத்துதான் பாத்தேன். ஆனா நல்லாப் பாத்தேன்." அவர் எழுந்து வந்து, குனிந்து, படைகளைப் பழைய நிலைக்கு நகர்த்தினார். "உள்வாசலை அடைக்கிறது பாகோட வேலை. வெளிவாசல் மிளகோடது. மிளகு அவன் எடத்துலதான் நின்னான். பாகு எங்க போச்சு? கடுகோட பின்னாடியே அதுவும் ஓடிப் போச்சு. நடுவுல லாரி போற அளவுக்கு வழி. ரெண்டு வாசலையும் ஒருத்தனே அடைக்கலாம்னு மிளகு திரும்பினான். கால் சிக்கிச்சு."

வெர்லின் நோக்கினான். பாகை நோக்கினான்; கடுகை நோக்கினான்; நேற்றுக் கண்ட காட்சியை மனத்துள் ஓட்டி மீண்டும் நோக்கினான். முப்பத்தோராண்டுத் தொழிலில் அவன் இரக்கம் காட்டியதில்லை; ஆனால் கண்ணெதிரே கிடந்த சான்றை ஒருநாளும் மறுத்ததில்லை.

"ஆமா," என்றான் மெல்ல. "பாகு வரலை." பிறகு, "நீங்க யாரும்மா?" என்று கேட்டான்.

"மிளகு ஜாடியோட அம்மா."

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த டெல்மா கோப்பை நிரம்பியதையும் மறந்து ஊற்றிக்கொண்டே நின்றாள். கடல் பொங்கிக் கரை மீறினாற்போல் காப்பி தட்டில் வழிந்தது.

அவர் பெயர் யோலண்டா புரூசார்ட். டெக்சாஸ் மாநிலத்துப் போமாண்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். மகன் டேரியன் வயதுச் சிறுவர்களுக்கு ஒன்பதாண்டு பந்தாட்டம் பயிற்றியவர். பதினான்கு மணி நேரம் தனியே காரோட்டி வந்திருந்தார். கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் ஒளிர்ந்தது இதே சன்னல், இதே பலகை: 'டி. 27 — கண்ணைத் திற.'

"போன ஞாயித்துக்கிழமை அனுப்பினான். இது யாரு எழுதினது?"

ஆர்லிஸ் அப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கடியில் புகுந்து கொல்லைவழியே ஓடிவிட வெர்லினுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆயினும் அம்மாவீரன், வேலேற்கும் மார்பினனாய் நிமிர்ந்து, வலக்கையை மெல்ல உயர்த்தினான்.

"நான்தாம்மா."

"ம்."

"அழுதானா?"

"அழலை. சாப்பிடலை. அவன் சாப்பிடலைன்னா அதான் அழுகை. 'அம்மா, வந்து கூட்டிட்டுப் போ'ன்னான்."

"கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களா?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

"போறதா வேணாமான்னு பாக்க வந்தேன்." யோலண்டா ஆர்லிஸின் பக்கத்தில் அமர்ந்தார். "பொய் சொல்லமாட்டேன். நேத்து அவன் மூணு தடவை எதிராளியைத் தப்ப விட்டான். முதல் ரெண்டும் அவன் தப்பில்ல. மூணாவது அவன் தப்புதான். தலையைக் குனிஞ்சுக்கிட்டே மோதினான். எட்டு வயசுலேர்ந்து கத்தறேன், தலையைத் தூக்குடான்னு. ஆனா அதுக்கப்புறம் ஒண்ணு செஞ்சான். அதை யாராவது பாத்தீங்களா? அரங்கத்துல ஒருத்தர்கூடக் கை தட்டலை."

"மூணாங் கால்பகுதி," என்றான் வெர்லின்.

யோலண்டா நிமிர்ந்தார்.

"இடது ஓரம். அவன் ஒரே ஆளு. ஓடி வந்தவனை ரெண்டு கஜத்துல மடக்கிப் போட்டான். தலை நிமிர்ந்துதான் இருந்துச்சு. அது போயிருந்தா ஆட்டமே போயிருக்கும்."

"பாத்தீங்களா?"

"எல்லாத்தையும் பாப்பேம்மா. சேதத்தை மட்டும்தான் எழுதுவேன். பழக்கம்."

இச்சொல் தன் வாயினின்றே வந்தது கேட்டு வெர்லினுக்கே வியப்பு. எத்தனை கொல்லைகளில் பாதி நிமிர்ந்து நின்ற சோளத்தைக் கண்டும் எழுதாமல் வந்திருப்போம் என்று அவன் உள்ளம் ஒரு கணம் கூசியது. மறுகணம் அவன் தொண்டையைச் செருமினான்.

"சி பிளஸ்," என்றான்.

"பி," என்றாள் ஆர்லிஸ்.

"சி," என்றார் யோலண்டா. "வெறும் சி. பிளஸ் எல்லாம் போட்டா தலைக்கு ஏறிடும்."

அந்தோ, போரின் திசை மாறியது! மேற்கில் முழங்கிய இடி கிழக்கே திரும்பினாற்போல், இதுகாறும் மதிப்பெண்ணைக் கீழே இழுத்த கைகள் அதனை மேலே தூக்கலுற்றன. "என்னம்மா பேசறீங்க?" என்று சீறினான் வெர்லின். "நாப்பத்தஞ்சு, முப்பது, இருபத்தொண்ணு! இறங்குது பாருங்க!"

"யோவ், அது என்னோட வாதம்!" என்று கூவினாள் ஆர்லிஸ்.

"எதிர்ல வந்தது மட்டமான டீம் சார்," என்றார் யோலண்டா.

"அதெல்லாம் யாரு சொன்னது?"

"நீங்கதான். அஞ்சு நிமிஷம் முன்னாடி. நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன்."

"பதினெட்டு வயசுப் பசங்கம்மா! பொறந்த கன்னுக்குட்டி உடனே நிக்குமா?" என்று முழங்கி, ஆர்லிஸின் ஆயுதசாலையில் எஞ்சியிருந்த கடைசி அம்பையும் களவாடி எய்தான் அவ்வீரன். ஆர்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பத்தொன்பதாண்டில் முதன்முறையாக, பேசாமல் வேடிக்கை பார்த்தாள். தாய் சிறிதும் இளகவில்லை. எதிரியைக் கட்டிப்பிடிக்காத கையை, நேரம் தப்பிய பாய்ச்சலை, நின்ற இடத்தின் பிழையை ஒவ்வொன்றாய் எடுத்துக்காட்டினார். ஒவ்வொன்றுக்கும் வெர்லின் வானிலையையும், புல்லின் ஈரத்தையும், நடுவரின் கண்பார்வையையும் கேடயமாய்த் தூக்கினான். உருளைக்கிழங்கு வறுவல் ஆறிப் பனியாயிற்று.

"பத்தேகால் ஆச்சு பெருசுங்களா!" என்று டெல்மா வந்து நின்றாள். "சர்ச்சு விட்டாச்சு. வாசல்ல கூட்டம். எழுதுங்க, இல்ல எந்திரிங்க."

உண்மைதான். வாசலில் ஞாயிற்றுக்கிழமை உடையில் ஊர் திரண்டு, கைகளைச் சன்னலில் குவித்துப் பலகையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி," என்றார் யோலண்டா பெருமூச்செறிந்து. "பிளஸ் போட்டுக்கோங்க. ஆனா கீழ இருக்கறதை அழிங்க."

"அதை நீங்க சொல்லாமலே அழிப்பேம்மா. அப்புறம், இனிமே ஞாயித்துக்கிழமை காலையில அவனை இங்க வரச் சொல்லுங்க. இந்த மேசைக்கு. அவன் மார்க்கை அவனே சொல்லட்டும்."

"அவன் எஃப் போட்டுக்குவான்."

"போடட்டும். நான் மேல இழுக்கறேன்."

யோலண்டா தம் தட்டை இந்த மேசைக்கு நகர்த்தி, ஆறிப்போன முட்டையை உண்ணத் தொடங்கினார்.

எழுந்தான் வெர்லின். துடைதுணி தேடும் பொறுமையின்றி, மனைவி சென்ற கிறிஸ்துமசுக்கு அளித்த வெள்ளைச் சட்டையின் கையாலேயே தன் பழைய எழுத்தைத் துடைத்தான். சுண்ணக்கட்டி உயர்ந்தது, ஊர் மூச்சடக்கியது. 'சி பிளஸ்' என்று எழுதினான். கட்டியை வைக்கப் போனவன் நின்று, மீண்டும் குனிந்து, கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்தான்: '27 — மூன்றாம் கால்பகுதி, இடது ஓரம். பார்த்தோம்.'

யோலண்டா புரூசார்ட் இலவங்கப்பட்டை ரொட்டி ஆறு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு கல்லூரி விடுதிக்குப் போனார். நண்பகலில் அவருடைய நீல நிறக் கார் தெற்கு நோக்கித் திரும்பியபோது, அதில் அவர் ஒருவரே இருந்தார். அதைக் கண்ட டெல்மா ஆர்லிஸுக்குச் சொல்ல, ஆர்லிஸ் வெர்லினுக்குச் சொல்ல, ஊர் முழுதும் ஒரு புதுக் களிப்பு பரவியது. இனி எங்கள் காப்பணி எஃகு மதிலாய் எழும் என்றும், எத்திசைப் பகையும் அதில் மோதி நுரையாய்ச் சிதறும் என்றும், சோளம் அறுவடையாகும் நாளில் இளங்கொக்குகள் பதினொருவரும் நொச்சிமாலை வாடாத வேந்தராய் வெற்றிமுரசு அதிர ஊர்வலம் வருவர் என்றும் முடிதிருத்தும் கடையிலும் எரிபொருள் நிலையத்திலும் தேவாலயப் படிக்கட்டிலும் மக்கள் ஓயாது உரைத்தனர்.

அடுத்த சனிக்கிழமை நாற்பத்தொன்றுக்குப் பத்து என்று தோற்றார்கள்.