எட்டுக் கட்டமும் இரண்டு கார்களும்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை மணி பத்து ஐந்து. வெயில் ஏறிவிட்டது, காற்று இல்லை, வானத்தில் மேகம் மூன்று. திருச்சுழிப் பக்கம், தார் போட்டும் இன்னும் திறந்துவிடாத ஒரு புதுச் சாலையில், கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப் வாட்சுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்பது. புத்தி எவ்வளவு என்பதை, மேலே படித்துவிட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

காரணம் என் இரண்டு மருமகன்கள். மூத்தவர் முருகேசன், காரியாபட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு வேலைக்குப் போகிறவர். அவருடையது பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற கறுப்பு செடான். இளையவர் கதிரேசனுக்கு மல்லாங்கிணற்றில் பெயின்ட் கடை. அவருடையது முழுக்க முழுக்கக் கரண்டில் ஓடுகிற வெள்ளை செடான். என் பழைய கார் உயிரை விட்டதும், தன் காரைப் போலவே நானும் வாங்கவேண்டும் என்று இருவரும் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் இது கார் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. மாமனார் யார் பேச்சைக் கேட்கிறார் என்பதுதான் விஷயம். ஒருவர் சொன்னதை வாங்கினால் மற்றவர் என் வாசலை மிதிக்கமாட்டார். அவரோடு ஒரு மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் போய்விடுவார்கள். (இருப்பது நான்கு. ஆகவே சரிபாதி நஷ்டம்.)

"ஆறு செகண்டுல நூறத் தொட்டுரும் மாமா. மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்கிரும்" என்றார் இளையவர், சாப்பிடும்போது.

"தொட்டு என்ன பிரயோசனம் சகல? கடைசி வேகத்துல எங்க வண்டியப் பிடிக்க முடியுமா? ஒங்களுது பாதி வழியில பிளக்கத் தேடிக்கிட்டு நிக்கும்" என்றார் மூத்தவர்.

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி இழுத்தவன் நான். எண்ணைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது என்பது என் நம்பிக்கை. (எண்ணைச் சொன்னதற்காக என்னை வரப்பில் விரட்டியவர்கள் ஏழு பேர். அந்த எண் மட்டும் அப்போது நினைவுக்கு வரவில்லை.)

"வாயால எதுக்கு மாப்ள? அளந்துருவோம்" என்றேன்.

"ஏங்க, காரே வேணாம்னு சொல்லிட்டாப் போச்சு. இதுக்கு ஒரு அளவையா?" என்றாள் என் மனைவி. கேட்டிருக்கலாம்.

முதல் நாள் சாயங்காலமே அந்தச் சாலைக்குப் போய் நானூறு மீட்டரைத் துல்லியமாக அளந்தேன். ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக, சாலைக்குக் குறுக்கே சுண்ணாம்பில் ஒன்பது கோடு. நடுவில் விழுந்த எட்டுக் கட்டத்திலும் ஒன்று முதல் எட்டு வரை பெரிதாக எண் போட்டேன். நூறைத் தொட எத்தனை கட்டம், எட்டாம் கட்டத்தில் யார் வேகம் அதிகம் என்று குறிப்பதற்காக. மறுநாள் ஆறரைக்குப் பரீட்சை என்று திட்டம். மருமகன்களுக்கு இட்லி வைத்ததில் (மூத்தவர் ஒன்பது, இளையவர் பதினொன்று) நேரமாகிவிட்டது.

போய்ப் பார்த்தால் எட்டுக் கட்டமும் நிறைந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் தார் ரோடுதான் களம். கதிரைப் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டி மிதித்துக் கொடுத்துவிடும். ஒன்றாம் கட்டத்தில் குதிரைவாலி, இரண்டில் உளுந்து, மூன்றில் மறுபடி குதிரைவாலி. ஒரு கதிர்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. என் பணிக்காலத்தில் எந்த எல்லையையும் மக்கள் இவ்வளவு மதித்து நான் பார்த்ததில்லை.

முதல் கட்டத்திலிருந்து ஓர் அம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு வந்தார். பெயர் பேச்சியம்மா என்று பிறகு தெரிந்தது.

"நேத்துக் கோடு போட்ட ஐயா நீங்கதானே? பஞ்சாயத்துல இருந்துதானே வாரீக?"

"இல்லம்மா, இது வந்து..."

"வருசா வருசம் களத்துக்கு எடம் பிடிக்க அடிதடி ஐயா. போன வருசம் ரெண்டு மண்டை ஒடஞ்சிச்சு. இந்தத் தடவ நீங்க நம்பரு போட்டு விட்டீக, எட்டு வீடும் சீட்டுப் போட்டு எடுத்துக்கிட்டோம். ஒரு சத்தம் இல்ல. மகராசனா இருக்கணும்."

இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படி உண்மையைச் சொல்வது? நான் விசிலைச் சட்டைக்குள் போட்டேன்.

பேச்சியம்மா கார்களைப் பார்த்தார். "மிதிக்கிறதுக்கு வண்டியும் கூட்டியாந்துட்டீகளா! டிராக்டருக்காரன் மத்தியானத்துக்கு மேலதான் வருவேன்னான்."

"மாமா, இதுல எப்பிடி ஓட்டுறது?" என்றார் மூத்தவர் காதோடு.

"பயமா இருந்தா விட்டுருங்க சகல. நான் போறேன்" என்றார் இளையவர்.

அவ்வளவுதான். இரண்டு காரும் கதிர்மேல் ஏறின. முன்னால் ஒரு நடை, பின்னால் ஒரு நடை, கட்டத்துக்கு ஆறு நடை. நான் ஸ்டாப் வாட்சை அமுக்கினேன். கை பழகிவிட்டதே! கறுப்பின் உச்ச வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர், வெள்ளை பதினொன்று. இரண்டையும் அதற்குமேல் போகவிடாமல் எட்டு வீட்டாரும் கூடவே நடந்து கதிரைப் புரட்டிப் போட்டார்கள்.

"வெள்ளக் காருதான் ஐயா நல்லா மிதிக்கிது" என்றார் பேச்சியம்மா.

"அது பேட்டரிக் கனம்! வேகத்துக்குத்தானே போட்டி?" என்று கத்தினார் மூத்தவர், ஜன்னல் வழியாக.

"மணி பிரியுது பாருங்க சகல, மணி!" என்று இளையவர் பதில் கத்தினார்.

ஏழாம் கட்டத்தில் கறுப்புக் காரின் பெட்ரோல் என்ஜின் விழித்துக்கொண்டது. அடியில் சுற்றியிருந்த வைக்கோல் சூட்டுக் குழாயில் பட்டுப் புகைந்தது. "ஐயா, காரு வேகுது!" என்று யாரோ அலற, இளையவர் தன் வண்டியைப் பதறிப் பின்னால் எடுத்தார். அவருடைய காரின் அடித்தகடு வைக்கோல் கட்டில் மாட்டிக் கிழிந்து தொங்கியது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, சகலையோடு கறுப்புக் காரின் அடியில் படுத்துவிட்டார். நான் தண்ணீர்க் குடத்தோடு ஓடினேன். (ஊற்றியதில் பாதி மூத்த மருமகனின் முகத்தில்.)

அடியிலிருந்து இருவரும் பேசிக்கொண்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அந்தப் பக்கம் இழுங்க சகல. எல்லாம் இவுகளால வந்தது."

"ஆமா சகல. கோடு போடாம இருந்திருந்தா நம்ம ரெண்டு வண்டியும் நல்லா இருந்திருக்கும்."

"ரிட்டயர் ஆனவுகளுக்குச் சுண்ணாம்பு குடுக்கக் கூடாது."

"டேப்பையும் பிடுங்கி வச்சிரணும்."

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் என் மூளையைப் பற்றியதாக இருந்தது. புகையில் கண் எரிய நின்றாலும் எனக்கு மனசு குளிர்ந்தது. மகள்கள் இரண்டு, பேரப்பிள்ளைகள் நான்கு, எண்ணிக்கையில் குறைவில்லை. வீடு திரும்பும்போது இளையவர் மூத்தவரின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக் காரை லாரி இழுத்து வந்தது.

நான் கார் வாங்கவில்லை. பஸ்ஸில் போகிறேன். இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது புது வண்டி வாங்கிவிட்டு அதன் வேகத்தைப் பற்றி வாயைத் திறந்தால், இரண்டு மருமகன்களும் ஒரே குரலில், "அதெல்லாம் சரி, மணிக்கு எத்தன மூடை?" என்று கேட்கிறார்கள். தை பிறந்ததும் பேச்சியம்மாவின் போன் வந்துவிடுகிறது: "ஐயா, இந்த வருசம் எப்பக் கோடு போட வாரீக? ஒம்பதாவதா ஒரு வீடு சேந்திருக்கு."

சுண்ணாம்பு 70, எல்லோருக்கும் டீ 276, கறுப்புக் காரின் அடிப்பாகம் கழுவ 2,850, வெள்ளைக் காருக்கு அடித்தகடு 6,400, இழுத்துவந்த லாரிக்கு 1,500. எட்டு வீட்டாரும் எங்களுக்கு மிதித்த கூலியாகக் கொடுத்த மூன்று கிலோ குதிரைவாலியின் விலை 240 கழித்து, நிகரமாக ரூபாய் 10,856.