பார்லிமென்ட் அண்ணையும் ஒளித்துவைத்த வாளிகளும்

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தைப் பிரதமர்தான் நடத்துகிறார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், பாவம், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதை நடத்தியவர் கிழக்கு லண்டனில், எங்கள் கவுன்சில் அலுவலகத்தில், ஹீட்டரை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்த பார்லிமென்ட் அண்ணை.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. எந்த மசோதா எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பது, அதனால் எங்கள் பகுதிக்கு மத்திய அரசிடமிருந்து காசு பெயருமா என்று மோப்பம் பிடிப்பது, பெயரும் என்றால் எம்.பி.க்களையும் அமைச்சகத்தையும் நச்சரிப்பது. திருச்சியிலிருந்து வந்த எனக்கு அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. யாழ்ப்பாணத்துக்காரரான அண்ணைக்கோ அது சொந்தக் குடும்ப விவகாரம்.

காலையில் ஹெட்போனை மாட்டினால் மாலைவரை சபை நேரலைதான். எவராவது உறுப்பினர் உளறினால், "இரும் ஐசே, இரும்!" என்று திரையைப் பார்த்து ஒரு அதட்டுப் போடுவார். சபையில் யாரும் உட்கார மாட்டார்கள்; எங்கள் ஆபீஸில் நின்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மசோதா நிறைவேறினால் எழுந்து நிற்பார். பிரபுக்கள் சபை அதில் கைவைத்துத் திருத்தினால் அன்று மத்தியானம் சாப்பிட மாட்டார்.

மகளின் கல்யாணத்துக்கு ஐயர் தையில் நாள் குறித்துக் கொடுத்தார். "தையிலையோ? ஏலாது ஐயா, மசோதா கமிட்டியில நிக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் மனுஷர். சபைக்குக் கோடை விடுமுறை விட்டு, ஆடியும் கழிந்து, ஆவணியில்தான் கெட்டிமேளம். லண்டனின் மறுகோடியான ஹரோவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பந்தியில்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள்.

"என்ன அண்ணை, இப்படியா பண்ணுவீங்க?" என்றேன்.

"பிள்ளை, மாப்பிள்ளை எங்க ஓடப்போறார்? நான் கண்ணை எடுத்தா மசோதாவில இருக்கிற இந்தப் பிரிவை ராவோட ராவா தூக்கிப்போடுவாங்கள்."

அந்தப் பிரிவு இதுதான்: பழைய பொது மண்டபங்களைப் பழுதுபார்க்க அரசு பணம் தரலாம். எங்கள் பகுதியில் அப்படியொரு மண்டபம் இருந்தது. வெளியே மழை விட்டாலும் உள்ளே விடாது. புதுக் கூரை போடக் கவுன்சிலிடம் காசில்லை. அரசும் தராவிட்டால் பூட்டிவிடுவது என்று முடிவாகியிருந்தது. புதன்கிழமைகளில் அங்கே வயதானவர்களுக்குச் சாப்பாடு. சமைத்துப் போடுகிறவர் அண்ணையின் மனைவி ராணி அக்கா. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனபின் அக்காவுக்குப் போக வேறு இடமில்லை.

"புதன்கிழமையிலதான் பிள்ளை, அவ வாய்விட்டுச் சிரிக்கிறவ" என்று ஒருநாள் சொன்ன அண்ணை, சட்டென்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மண்டபத்தைப் பூட்டப்போகிற சேதியை அவர் அக்காவிடம் சொல்லவேயில்லை. அவ தாங்கமாட்டா என்றார்.

மசோதா சட்டமாயிற்று. அண்ணை வழக்கத்தைவிட அதிக நேரம் எழுந்து நின்றார். நாங்கள் விண்ணப்பித்து, விடாமல் நச்சரித்ததில், அமைச்சகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா கூரையை நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். அண்ணை வீட்டில் போய், "ராணி, புதன்கிழமை பெரிய இடத்து ஆள் ஒராள் மண்டபத்துக்கு வாறா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். எதற்கு வருகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

புதன்கிழமை அதிகாரியம்மாவை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தோம். வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு. சுவரில் புது வெள்ளை. கூரையின் கறுத்த கறைகளை மறைத்து, கல்யாணப் பந்தல் மாதிரி கலர் கலராகச் சேலைகள். மேசை நிறைய வடையும் ரோல்ஸும். ஒழுகும் இடங்களிலெல்லாம் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த வாளிகளில் ஒன்றைக்கூடக் காணோம். வெளியே லண்டனில் அதிசயமாய் வெயில் கொளுத்துகிறது!

"எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள்! இதற்கெதற்குப் புதுக் கூரை?" என்றார் அதிகாரியம்மா.

அண்ணைக்கு முகத்தில் ஈயாடவில்லை. அக்காவிடம் ஓடினார். "இஞ்சாரும், வாளியள் எங்க?"

"ஸ்டோர் ரூமுக்கை போட்டுப் பூட்டியாச்சு. வீடு தேடி வாற மனுசிக்கு வாளியையே காட்டுறது? வெக்கமில்லையே உங்களுக்கு?"

"ஐயோ, அவ வந்ததே அந்த வாளியைப் பாக்கத்தானப்பா!"

"என்ன விசர்க்கதை இது?"

பிரதமரையே 'இரும்' என்று அதட்டுகிறவர் எச்சில் விழுங்கினார். "காசு வராட்டி இதைப் பூட்டிப்போடுவினம் ராணி. உமக்குச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

அக்கா அவரையே பார்த்தார். வடைத் தட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய் ஸ்டோர் ரூமைத் திறந்தார். அடுக்கிவைத்திருந்த வாளிகள் கடகடவென்று அதிகாரியம்மாவின் காலடிவரை உருண்டு வந்தன. அக்கா விளக்குமாற்றுக் கம்பால் சேலைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். பூஞ்சை பிடித்த கூரை பல்லை இளித்தது.

"இதைப் பூட்டினா நான் எங்க பிள்ளை போறது?" என்று அதிகாரியம்மாவிடம் நேராகத் தமிழிலேயே கேட்டார்.

அதிகாரியம்மா அண்ணையைப் பார்த்தார். சட்டத்தின் அத்தனை பிரிவுகளையும் ஆங்கிலத்தில் தலைகீழாக ஒப்பிக்கும் மனிதர், "என் மனைவி கேட்பது என்னவென்றால்..." என்று தொடங்கினார். குரல் உடைந்துவிட்டது. மீதியை நான்தான் மொழிபெயர்த்தேன்.

அதிகாரியம்மா அண்ணாந்து பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கூரையை மூலைமூலையாகப் படம் பிடித்தார். போகும்போது ரோல்ஸும் கட்டி வாங்கிக்கொண்டு போனார்.

பணம் வந்தது, கூரை போட்டாயிற்று. அண்ணை ஓய்வுபெற்றுவிட, ஹீட்டர் பக்கத்து நாற்காலி இப்போது எனக்கு. புதன்கிழமையில் மழை பெய்தால் மண்டபத்திலிருந்து அவர் போன் வரும். "பிள்ளை, ஒழுகேல்லை." அவ்வளவுதான் விஷயம். பின்னால் ராணி அக்கா யாருடனோ சிரிப்பது கேட்கும். எனக்குத் தெரிந்த சேதிதான். ஆனாலும் புதன்கிழமை வானம் இருட்டினால், போனைக் கைக்கெட்டுகிற தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.