சொந்தச் சரக்குக்கு ஒரு நம்பர் கூட

கூரியரில் வந்த புத்தகத்தை உறையிலிருந்து உருவிய ஹரிஹரன், பாம்பைத் தொட்டவர் போல அதை மேசைமேல் போட்டுவிட்டார். விமர்சனத்துக்கு வந்த நாவல். பெயர் 'எட்டாம் நம்பர் தொட்டி'. எழுதியவர் ஏலகிரியான். அந்த ஏலகிரியான் சாட்சாத் ஹரிஹரனேதான்.

இது உலகத்தில் அவருக்கும் அவர் மனைவி மனோரமாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். பதிப்பாளருக்கும் தெரியும், ஆனால் அவர் சென்னையில் இருக்கிறார், சத்தியமும் வாங்கியாகிவிட்டது.

ஹரிஹரன் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் செலக்‌ஷன் மேசையில் இருபத்தெட்டு வருஷமாக நிற்கிறவர். பதனிட்ட தோல் ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். தடவிப் பார்ப்பார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு நம்பர் போடுவார். ஒன்று என்றால் உயர்ந்த சரக்கு, கப்பலேறும். ஆறு என்றால் கழிசல். வீட்டுக்கு வந்ததும் அதே கை நாவல்களைத் தடவிப் பார்க்கும். விமர்சனக் கட்டுரையின் கடைசி வரியில் நம்பர் போட்டுவிடும். இருபத்திரண்டு வருஷ விமர்சன வாழ்க்கையில் இரண்டு நாவல்களுக்கு இரண்டாம் நம்பர் கொடுத்திருக்கிறார். ஒன்றாம் நம்பர் யாருக்கும் கொடுத்ததில்லை. அதில் அவருக்கு மலையளவு பெருமை.

அப்படிப்பட்டவர் ஏன் புனைபெயரில் ஒளிந்தார்? காரணம் இருந்தது. தொழிற்சாலையில் அவர் போட்ட நம்பரைப் பார்க்காமலே அடுத்த மேசைக்காரர் தோலைத் திரும்பவும் தடவித் தன் நம்பரைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சரக்கு வெளியே போகும். தன் நாவலையும் அப்படி நாலு பேர், யாருடையது என்று தெரியாமல் படித்து, ஒன்றாம் நம்பர் என்று சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவருடைய ஆசை. ஆறு வருஷம் எழுதிய மனுஷனுக்கு இந்த ஆசைகூட இருக்கக்கூடாதா?

போன் அடித்தது. வேலூரிலிருந்து சிற்றிதழ் ஆசிரியர் தேவசகாயம்.

"இன்னா சார், புக்கு வந்துதா?"

"வந்துது. ஆனா இந்த மாசம் எனக்கு வேலை ஜாஸ்தி தேவா. வேற யாருக்காவது..."

"பரவால்ல சார். காவேரிப்பாக்கம் ராகுல் கிட்ட குடுத்துடறேன். அவரும் கேட்டுனு இருந்தாரு."

காவேரிப்பாக்கம் ராகுலின் முதல் நாவலுக்கு ஆறாம் நம்பர் போட்டுக் கழித்தவர் ஹரிஹரன். அந்தக் கையில் தன் பிள்ளையைக் கொடுப்பதா?

"வேணாம் வேணாம், நானே எழுதறேன்" என்று போனை வைத்தார்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. செலக்‌ஷன் மேசையில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. சொந்தக்காரன் மண்டியிலிருந்து வந்த தோல் தன் மேசைக்கு வந்துவிட்டால், ஒரு நம்பர் கூடத்தான் போட வேண்டும். மனசு மூன்று என்றால் சாக்பீஸ் நாலு என்று எழுத வேண்டும். சொந்தச் சரக்குக்குச் சலுகை காட்டினான் என்று நாளைக்கு எவனும் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசக்கூடாது.

தன் நாவலைத் தடவிப் பார்த்ததும் ஹரிஹரனின் மனசு கூசாமல் ஒன்று என்றது. சட்டப்படி இரண்டு போட்டால் போதும். ஆனால் முன்பின் தெரியாத ஒரு புதுப் பெயருக்கு இரண்டாம் நம்பரா? ஊர் சந்தேகப்படும். மூன்று போட்டுப் பார்த்தார், மச்சானுக்குப் போட்டது மாதிரி இருந்தது. நாலு, சித்தப்பாவுக்குப் போட்டது மாதிரி இருந்தது. கடைசியில் ஐந்தில் போய் நின்றார்.

ஐந்துக்குத் தகுந்த மாதிரி திட்டவும் வேண்டுமே. மனசில்லாமல் திட்டினார். திட்டுகிற சாக்கில் கடைசிக் காட்சி உட்பட தனக்கு ரொம்பப் பிடித்த நாலு இடங்களை முழுசாக எடுத்துப் போட்டு, 'இதெல்லாம் ஒரு எழுத்தா?' என்று கேட்டார். திட்டு வாங்குவதற்காகவாவது அவை இன்னொரு தடவை அச்சில் வரட்டுமே என்கிற ஆசைதான்.

இதழ் வந்த அன்றைக்கு மனோரமா கட்டுரையைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர் அவள். குறை கண்டுபிடிப்பதில் புருஷனுக்குக் கொஞ்சமும் சளைத்தவள் இல்லை.

"பெத்த புள்ளைய நடுத்தெருவுல நிக்க வச்சு அடிச்சிருக்கீங்களே, இது உங்களுக்கே நல்லாருக்கா?"

"தொழில் தர்மம் மனோ."

"தர்மமாம் தர்மம்! போங்க, போய் சாப்புடுங்க."

நாலாம் நாள் ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"வணக்கம் சார். குடியாத்தம் வாசகர் வட்டத்துல இருந்து செயலாளர் கலையரசி பேசறேன். ஸ்கூல்ல டீச்சர். உங்க விமர்சனம் வந்ததுல இருந்து எங்க வட்டமே கொதிக்குது சார். அருமையான நாவலுக்குப் போய் அஞ்சாம் நம்பர் போட்டுட்டீங்களே, நியாயமா?"

ஹரிஹரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குரலை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"என் கருத்து என் கருத்துதாம்மா."

"அப்போ ஞாயித்துக்கெழமை காலைல எங்க லைப்ரரியில கூட்டம் போடறோம். நீங்க வந்து நேர்ல பதில் சொல்லணும். அந்த ஏலகிரியானையும் கூப்புடப் போறோம்."

"அவரு வரமாட்டாரும்மா. உடம்பு சரியில்லாத ஆளு."

"அவரை உங்களுக்குத் தெரியுமா சார்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

"கேள்விப்பட்டேன். நாட்றம்பள்ளி பக்கம்னு சொன்னாங்க."

"ஐயோ பாவம்! அப்போ கூட்டத்தை முடிச்சுட்டு வேன் எடுத்துனு நாங்களே போய்ப் பார்த்துடறோம் சார். நாட்றம்பள்ளி இன்னா பெரிய ஊரா? நாலு தெருவுல விசாரிச்சா சொல்லிடப் போறாங்க."

வேன் கிளம்பினால் விசாரிப்பு எங்கே போய் முடியும் என்று ஹரிஹரனுக்குத் தெரியும். "வேணாம்மா! அவரே வருவாரு. நானே கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

"அஞ்சாம் நம்பர் போட்ட ஆளை நீங்களே கூட்டிட்டு வர்றீங்களா?"

"இலக்கிய நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல?"

சொல்லியாகிவிட்டது. இப்போது கூட்டிக்கொண்டு போக ஒரு ஏலகிரியான் வேண்டும். அடுத்த மேசையில் அவர் நம்பரைச் சரிபார்க்கிற ஆரோக்கியசாமியைத் தவிர வேறு நாதியில்லை. ஆரோக்கியசாமி நாட்றம்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அடர்ந்த வெள்ளை மீசை. கண்ணாடி போடப் பிடிக்காததால் எதையும் தூரத்தில் வெறித்தே பார்ப்பார். பார்வைக்கு எழுத்தாளர் என்று யாரும் நம்பிவிடுவார்கள்.

"நாவல்னா நான் இன்னா எழுதணும்?" என்றார் ஆரோக்கியசாமி.

"எழுதியாச்சுப்பா. நீ வந்து உக்காந்தா போதும்."

"பேசணுமா?"

"கேட்டா சிரி. ஜாஸ்தி கேட்டா தலையாட்டு. முடிச்சுட்டு வந்து வயிறாரப் பிரியாணி."

"மட்டன்தானே?"

"மட்டன்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியாத்தம் நூலகத்தில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். தறி வைத்திருக்கிறவர்கள், வாத்தியார்கள், நர்ஸுகள், கல்லூரிப் பெண்கள். நூலகர் ஹுமேரா நாற்காலிகளைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றிருந்தாள். மனோரமாவுக்கு ஷிப்ட் இருந்ததால் அவள் வரவில்லை. ஆரோக்கியசாமியை மேடையின் நடுவில் உட்காரவைத்து ரோஜாமாலை போட்டார்கள். ஹரிஹரனுக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. தனக்கு வர வேண்டிய மாலை பக்கத்து மேசைக்காரன் கழுத்தில் கிடப்பதைப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்த நாவல்ல இலக்கியமே இல்ல" என்று ஆரம்பித்தார்.

கூட்டத்திலிருந்து லுங்கித் தறி வைத்திருக்கும் பக்தவச்சலம் விருட்டென்று எழுந்தார்.

"இன்னா சார் இப்டி சொல்றீங்க? 'தொட்டியில் ஊறுவது தோல் மட்டும்தான் என்று நினைப்பவன் இன்னும் சம்பளம் வாங்காதவன்.' இந்த ஒரு வரி போதாதா? முப்பது வருசமா தறியில ஊறுன எனக்குத் தெரியும் சார் அந்த வரியோட கனம்!"

மனப்பாடமாகச் சொன்னார்! சந்தோஷத்தை மறைக்க ஹரிஹரன் இருமுவது போல நடித்துச் சமாளித்தார்.

"அது வெத்து வசனம்" என்றார்.

"'கை கழுவினால் நாற்றம் போகும், பேர் போகாது'ன்னு அந்தம்மா சொல்ற எடம்? அதுவும் வெத்தா?" என்று ஒரு நர்ஸ் கேட்டாள். பாலாற்று மணலில் அப்பனும் மகனும் பேசாமல் சாப்பிடுகிற காட்சியைச் சொல்லிக் கல்லூரிப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் எந்தெந்த இடங்களைக் கடித்துக் குதறினாரோ, சரியாக அந்த இடங்களைத் தேடிப்பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். ஆகா, நல்ல சரக்கு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுகொண்டார்கள்! இவர்களை ஆம்பூருக்குக் கூட்டிப்போய் செலக்‌ஷன் மேசையில் நிறுத்தலாமே என்று ஹரிஹரனுக்கு மனசு பூரித்துப்போனது. அவர் இன்னும் நாலு திட்டுத் திட்டினார். அவர்கள் இன்னும் எட்டு மடங்கு கொண்டாடினார்கள். ஜென்மம் சாபல்யமடைந்தது என்றே நினைத்தார்.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். கலையரசி மைக்கை ஆரோக்கியசாமி பக்கம் திருப்பினாள்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. முப்பது வருசம் வேலை செஞ்ச கதாநாயகன், கடைசியில யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம பஸ் ஏறிப் போயிடறானே, ஏன்?"

ஆரோக்கியசாமி சிரித்தார். கூட்டம் காத்திருந்தது. தலையாட்டினார். கூட்டம் இன்னும் காத்திருந்தது. தூரத்தில் வெறித்துப் பார்த்தார். பிறகு தன் அனுபவத்திலிருந்து ஒரே வரியில் சொன்னார்.

"பஸ் வந்துட்டுது."

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "எவ்ளோ பெரிய விஷயத்தை எவ்ளோ சாதாரணமா சொல்றாரு பாரு!" என்று பக்தவச்சலம் உருகினார். நர்ஸ் அதைக் குறித்துக்கொண்டாள். ஆரோக்கியசாமிக்கும் ருசி கண்டுவிட்டது. மீசையை நீவிக்கொண்டு, "அடுத்த பஸ் லேட்டாவும்" என்றார். மறுபடியும் கைதட்டல்.

ஹரிஹரனால் தாங்க முடியவில்லை. திட்டைத் தாங்கலாம், மாலையைத் தாங்கலாம், இதைத் தாங்க முடியுமா? நாற்காலி கவிழ எழுந்தார்.

"பஸ் வந்ததால ஏறுனானா? யோவ், அவன் ஏன் போறான்னு எரநூத்திப் பத்தாம் பக்கத்துல இருந்து நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்யா!"

"யாரு?" என்றாள் கலையரசி.

"நான்!"

பொறாமையில் உளறுகிறார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆரோக்கியசாமி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, மாலையைக் கழற்றி ஹரிஹரன் கழுத்தில் போட்டார்.

"ஆமாங்க, இவருதான் எழுதுனாரு. எனக்குப் பிரியாணி வாங்கித் தர்றேன்னு சொன்னாரு, வந்தேன். என்னை விட்டுடுங்க, பேஜாரா இருக்குது."

பிறகு பக்தவச்சலம் ஓடிவந்து ஹரிஹரனைக் கட்டிக்கொண்டார்.

"சொந்த நாவலுக்கே அஞ்சாம் நம்பர் போட்ட மனுசன் சார் நீங்க! இந்த நேர்மை வேற எவனுக்கு வரும்?"

கலையரசி கைத்தறித் துண்டைப் போர்த்தினாள். கல்லூரிப் பெண்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். யாருடையது என்று தெரியாமலே நாற்பது பேர் தொட்டுப் பார்த்து ஒன்றாம் நம்பர் என்று சொல்லிவிட்டார்கள்! ஹரிஹரனின் நெஞ்சு அரையடி அகலமானது. கண்ணீரைத் துடைக்காமலே மைக்கைப் பிடித்தார்.

"இருபத்திரண்டு வருசமா என்னை விமர்சகர்னு கூப்புட்டீங்க. இன்னிக்கு என்னை நாவலாசிரியர் ஆக்கிட்டீங்க. விமர்சனம் எழுதறதை இத்தோட விட்டுட்டேன். இனிமே நாவல்தான்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அவர் அங்கிருந்தே மனோரமாவுக்குப் போன் செய்து, "சத்தம் கேக்குதா? கேக்குதா?" என்று போனை உயர்த்திப் பிடித்தார். மனோரமாவும் லைனை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம்.

பிறகு ராஜநடையாக ஹுமேராவிடம் போய், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எல்லாரோட நாவலையும் வாங்கிட்டு வந்து இப்படி அடுக்கும்மா. ஒண்ணு விடாம நாப்பதுலயும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

ஹுமேரா கூச்சத்தோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெல்லச் சொன்னாள்:

"நாவல் இன்னும் எங்க யாருக்கும் வந்து சேரல சார், உங்க விமர்சனத்தைத்தான் நாப்பது ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் குடுத்தேன், அதுல வேணா கையெழுத்துப் போட்டுக் குடுங்களேன்."